மாத்திரை கைக்கு வந்த பிறகு: இரத்தசோகை குறித்து நாம் கண்டவை

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், தருமபுரி மாவட்டம்

இரத்தசோகை என்று பேச்செடுத்தாலே, "அரசாங்கம் இலவசமாக இரும்புச்சத்து மாத்திரை தருகிறது, இந்தப் பெண்கள்தான் போடுவதில்லை" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். மாத்திரை கைக்கு வருவதற்கும் வயிற்றுக்குள் போவதற்கும் நடுவில் ஒரு முழுக் குடும்பமே நிற்கிறது. வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்கு அது தெரியும். நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

மலையடிவாரத்தில் ஒரு கிராமம். ஒரு பெண்ணுக்கு இரண்டாவது கர்ப்பம், ஏழாம் மாதம். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. பரிசோதனையில் ஹீமோகுளோபின் (இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும், இரும்புள்ள புரதம்) 7.4 கிராம் வந்தது. கர்ப்பிணிக்கு 11 இருக்க வேண்டும். 7-க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்தான கட்டம். "மாத்திரை போடுகிறாயா அம்மா?" என்றால் "போடுகிறேன் அக்கா" என்று தலையாட்டினாள். அடுத்த முறை வீட்டுக்கே போனேன். மாமியார் கழனிக்குப் போயிருந்தார். பிறகுதான் அந்தப் பெண் தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியிலிருந்து சிவப்பு மாத்திரை அட்டைகளை எடுத்துக் காட்டினாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

உட்கார்ந்து பேசியதில் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை பெரிதாக வளர்ந்து பிரசவம் சிக்கலாகிவிடும் என்பது மாமியாரின் பயம். அந்த அம்மாள் கெட்டவர் இல்லை. தன் கண்ணெதிரே நாத்தனாரைப் பிரசவத்தில் பறிகொடுத்தவர். இந்தப் பெண்ணும் ஆரம்பத்தில் நான்கைந்து மாத்திரை போட்டுப் பார்த்திருக்கிறாள். மலம் கறுப்பாகப் போனதும் உள்ளே ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்திருக்கிறாள். அதோடு வாந்தியும் வந்திருக்கிறது.

வாந்திக்குக் காரணம் தேடினால் அது அவளுடைய சாப்பாட்டு நேரத்தில் இருந்தது. விடிகாலையில் எழுந்து, தண்ணீர் பிடித்து, எல்லோருக்கும் ஆக்கிப் போட்டு, மாட்டைக் கட்டிவிட்டு அவள் முதல் கவளத்தை வாயில் வைக்கும்போது மணி பதினொன்று. மாத்திரையையோ காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் போட்டிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, படுக்கப் போகும் முன் போடச் சொன்னேன். கறுப்பாகப் போவது மாத்திரையில் உள்ள இரும்பின் நிறம்தான் என்று விளக்கினேன். மாமியாரிடம் தனியாகப் பேசினேன். இரத்தம் குறைந்த பெண்ணுக்குப் பிரசவத்தில் கொஞ்சம் இரத்தம் போனாலும் உடம்பு தாங்காது, அதற்காகத்தான் இந்த மாத்திரை என்றதும் அவர் கண் கலங்கிவிட்டார். அதற்குப் பிறகு ஒவ்வோர் இரவும் கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்று மாத்திரை போட வைத்தவர் அவர்தான்.

ஆனால் ஏழாம் மாதத்தில் மாத்திரை மட்டும் போதாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இரும்புச்சத்து ஊசி மருந்தை சலைனில் கலந்து ஏற்றச் சொன்னார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் வர வேண்டும். கணவர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார். மூத்த குழந்தையை யார் பார்த்துக்கொள்வது, காலை பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது? மருந்து இலவசம்தான். அதை வாங்கிக்கொள்ளப் போய்வருவது இலவசம் இல்லை. கடைசியில் அங்கன்வாடிப் பணியாளர் குழந்தையைப் பார்த்துக்கொண்டார். பிரசவ சமயத்தில் ஹீமோகுளோபின் 10-ஐத் தொட்டிருந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

தோட்டத் தொழிலாளியின் மகள், நுவரெலியா, இலங்கை

அக்கா எழுதியதை வாசித்ததும் அம்மாதான் நினைவுக்கு வந்தார். தேயிலைக் கொழுந்து பறிப்பவர். காலையில் ரொட்டியும் சம்பலும், கூடவே ஒரு கோப்பை சாயம், அதாவது பால் இல்லாத தேநீர். பத்து மணிக்கு மலையில் மறுபடியும் சாயம். பகலுக்கும் ரொட்டி, சாயம். என் தம்பி வயிற்றில் இருந்தபோது கிளினிக்கில் கொடுத்த இரும்பு மாத்திரையையும் அந்தச் சாயத்தோடுதான் விழுங்கியிருக்கிறார். தேயிலையில் உள்ள டானின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேரவிடாது என்பதைக் குடும்ப நல உத்தியோகத்தர் மிஸ் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) வந்தபோதுதான் எங்களுக்குச் சொன்னார். சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே நேரத்தில் போட்டுவந்ததைப் பார்த்து, ஒன்றைப் பகலிலும் மற்றதை இரவிலும் போடச் சொன்னார்.

தேநீரை விடச் சொல்வது சுலபம். அந்தக் குளிரில், ஈரச் சாக்கைக் கட்டிக்கொண்டு நிற்பவருக்கு வேறு என்ன சூடு இருக்கிறது? அம்மாவிடம் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கச் சொன்னோம். அதற்கு ஒத்துக்கொண்டார்.

ஒரு விஷயம் யாரும் பேசுவதில்லை. இரத்தம் இல்லாத உடம்பால் ஏற்றத்தில் ஏற முடியாது, மூச்சு வாங்கும். கொழுந்தின் கிலோ குறையும். கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது பாதி நாள் சம்பளம்தான். அரைப்பேர் விழுந்தால் அந்த மாதம் முட்டையும் மீனும் வீட்டுக்கு வராது. முட்டையும் மீனும் இல்லாமல் இரத்தம் எங்கிருந்து ஊறும்?

தையல் தொழிலாளி, மதுரை

எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. பல வருடமாக டானிக், மாத்திரை, பேரீச்சம்பழம், சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்) என்று சொன்னதையெல்லாம் சாப்பிட்டேன். கொஞ்சம் ஏறும், திரும்பவும் இறங்கிவிடும். போன இடங்களிலெல்லாம் "சத்தாகச் சாப்பிடுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்கள். கடைசியாகப் பார்த்த பெண் மருத்துவர் ஒருவர்தான், "மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கிறது? ஒரு நாளைக்கு எத்தனை துணி மாற்றுகிறீர்கள்? கட்டி கட்டியாகப் போகிறதா?" என்று கேட்டார். அதுவரை யாருமே கேட்டதில்லை. எனக்கும் எல்லாப் பெண்களுக்கும் இப்படித்தான் இருக்கும் என்ற நினைப்பு. ஸ்கேன் எடுத்ததில் கருப்பையில் நார்க்கட்டி. அதற்குச் சிகிச்சை எடுத்த பிறகுதான் உடம்பில் இரத்தம் தங்குகிறது. மெஷினில் உட்கார்ந்தால் இப்போது தலை சுற்றுவதில்லை.

ஆய்வகப் பணியாளர், கூடலூர்

சோகை எல்லாமே இரும்புக் குறைவு இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். நீலகிரியின் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணு இரத்தசோகை இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. இந்தியாவில் அந்த நோய் முதன்முதலாகப் பதிவானதே இந்த மலைகளில்தான். பரம்பரையாக வருவது. இரத்தச் சிவப்பணு வளைந்து, சீக்கிரமே உடைந்துவிடும்.

ஒரு பணியர் இனப் பெண்ணுக்கு அடிக்கடி கை கால் மூட்டுகளில் தாங்க முடியாத வலி. எஸ்டேட் வேலைக்குப் போகாத நாட்களில் சோம்பேறி என்று பேச்சு வாங்கியிருக்கிறார். இரும்பு மாத்திரை நிறையச் சாப்பிட்டும் பலன் இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தபோது அரிவாள் வடிவ அணுக்கள் தெரிந்தன. உறுதிப்படுத்த ஹீமோகுளோபின் பகுப்பாய்வுக்கு அனுப்பினோம். இப்போது அவருக்கு வேறு மாத்திரை. வலி வருவது குறைந்திருக்கிறது. மாத்திரை ஒழுங்காகப் போட்டும் ஹீமோகுளோபின் ஏறாதவரைத் திட்டாதீர்கள். அவருடைய இரத்தத்தை இன்னொரு முறை பாருங்கள்.

இரத்த வங்கி ஆலோசகர், திருவண்ணாமலை மாவட்டம்

ஒரு பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பிறகு இரத்தப்போக்கு. உடனே இரத்தம் ஏற்ற வேண்டும். இருப்பிலிருந்து கொடுத்துவிட்டோம், ஈடுகட்ட உறவினர்களைக் கேட்டோம். வெளியே நின்றிருந்த ஆண்கள் ஒவ்வொருவராக போன் வந்ததுபோல் நகர்ந்தார்கள். அம்மா ஓடிவந்தார், அக்கா வந்தார், சித்தியும் வந்தார். இரத்தம் கொடுக்க ஹீமோகுளோபின் 12.5 வேண்டும். அம்மாவுக்கு 9, அக்காவுக்கு 10, சித்திக்கும் அதே கதி. மூன்று பேரையும் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. "என் பிள்ளைக்குக் கொடுக்க என்னிடம் இரத்தம் இல்லையா?" என்று அந்த அம்மா கேட்டார். அவருக்கும் இரும்பு மாத்திரை எழுதிக் கொடுக்க ஏற்பாடு செய்தேன். எனக்கு ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே பானையில் சாப்பிடும் ஆண்களுக்கு 14, பெண்களுக்கு 9 என்றால், பானையில் கடைசியாக மிஞ்சியது யாருக்கு என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்

இதெல்லாம் இன்னும் இவ்வளவு பரவலாக இருக்கிறதா? எங்கள் வீட்டில் முருங்கைக்கீரை சாப்பிட்டால் போதும் என்கிறார்கள். எனக்கு 10.2 இருக்கிறது. மாத்திரை போட வேண்டுமா?

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், தருமபுரி மாவட்டம்

பரவலாகத்தான் இருக்கிறது கண்ணு. தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் சோகை உள்ளவர்கள் 2015–16-இல் 53 சதவீதம், 2019–21-இல் 57 சதவீதம். கூடியிருக்கிறது. தமிழ்நாட்டிலும் பாதிக்கு மேல்தான். உலகம் முழுக்க 50 கோடிக்கும் மேற்பட்ட பெண்கள். அதில் பெரும்பங்கு தெற்கு ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும்.

முருங்கைக்கீரை நல்லது, விடாதே. ஆனால் கீரையில் உள்ள இரும்பில் கொஞ்சம்தான் உடம்பில் சேரும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருந்தால் கூடுதலாகச் சேரும். ஈரல், மீன், இறைச்சியில் உள்ளது இன்னும் சுலபமாகச் சேரும். இறங்கிப்போன இரத்தத்தை ஏற்றக் கீரை மட்டும் போதாது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு 12 இருக்க வேண்டும். 10.2 என்றால் மருத்துவரைப் பார். மாதவிலக்கு அதிகமா என்பதை அவர் கேட்காவிட்டால் நீயே சொல். குடல் பூச்சிக்கான மருந்து கடைசியாக எப்போது சாப்பிட்டாய் என்பதையும் சொல். செருப்பில்லாமல் வயலில் நடப்பவர்களுக்குக் கால் வழியாகக் கொக்கிப்புழு ஏறிக் குடலில் இரத்தத்தை உறிஞ்சும், எங்கள் பக்கத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மாத்திரை எழுதிக் கொடுத்தால், ஹீமோகுளோபின் சரியான அன்றே நிறுத்திவிடாதே. உடம்பின் சேமிப்பும் நிரம்ப வேண்டும், அதற்கு இன்னும் மூன்று மாதமாவது ஆகும். உன் அம்மாவையும் கூடவே அழைத்துப் போய்ப் பரிசோதனை செய்யச் சொல்.