எக்ஸ்டென்ஷன் ஆள் கவுன்டி ஆளா, பல்கலைக்கழக ஆளா? கொம்பனுக்கு ஒரு பதில்

வடகரை:
நேற்று நம் இணைய மன்றத்தின் வீட்டுத் தோட்டம் இழையில் கொம்பன் போகிற போக்கில் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போனார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் எக்ஸ்டென்ஷன் அலுவலகம் (விவசாயம், தோட்டம் பற்றி மக்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் விரிவாக்க அலுவலகம்), மறுசுழற்சி, பிள்ளைகளின் 4-எச் இளைஞர் மன்றங்கள் மூன்றுமே கவுன்டியின், அதாவது நம் மாவட்டம் மாதிரியான உள்ளாட்சியின், துறைகளாம். அங்கே இருப்பவர்கள் கவுன்டி ஊழியர்களாம். கவுன்டியின் சபையான கவுன்டி போர்டு நினைத்தால் நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுமாம். அதற்குக் கீழே ஆளாளுக்கு 'அருமையான தகவல்' என்று கைதட்டல் வேறு. அங்கேயே பதில் போட்டிருப்பேன், கத்தரிக்காய் பற்றிக் கேட்டவர் பாவம் என்று விட்டேன்.

எக்ஸ்டென்ஷனில் வேலை செய்யும் வேளாண் கல்வியாளர் கவுன்டி ஊழியர் அல்ல. 1914-இல் வந்த ஸ்மித்-லீவர் சட்டத்தின்படி மத்திய வேளாண் துறை, மாநிலத்தின் நிலக்கொடைப் பல்கலைக்கழகம் (மத்திய அரசு நிலம் கொடுத்து உதவிய பல்கலைக்கழகம்), உள்ளூர் கவுன்டி மூன்றும் செலவைப் பங்கு போட்டுக்கொள்ளும் ஏற்பாடு இது. விஸ்கான்சினில் 2018 ஜூலையிலிருந்து எக்ஸ்டென்ஷன் மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு. ஆளை எடுப்பது பல்கலைக்கழகம். சம்பளச் சீட்டு அடிப்பது பல்கலைக்கழகம். கவுன்டி பங்குப் பணம் கட்டுகிறது, உட்கார இடம் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

கொம்பன்:
'அவ்வளவுதான்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டீர்கள்! பல வருடங்களாகக் கணக்கு 60க்கு 40. மாநிலமும் மத்திய அரசும் 60, கவுன்டி 40. நாற்பது சதவீதம் கட்டுகிறவன் வெறும் இடம் கொடுப்பவனா? மாநிலச் சட்டப் பிரிவு 59.56-ஐப் படித்துவிட்டு வாருங்கள். கவுன்டி போர்டு விரும்பினால் இந்தத் திட்டத்தை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. அதைக் கவனிக்க வேளாண்மை, விரிவாக்கக் கல்விக் குழு என்று போர்டு ஒரு குழு அமைக்கிறது. யார் அமைக்கிறார்? போர்டு. எங்கள் கவுன்டி அலுவலகக் கதவில் யார் பெயர்? கவுன்டி பெயர். போதுமா?

வடகரை:
கதவில் பெயர் இருந்தால் போதுமா? சம்பளச் சீட்டில் யார் பெயர் என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை. அப்புறம் அந்த 60-40 பழைய கதை. 2017, 2018-இல் எக்ஸ்டென்ஷனை மாற்றி அமைத்தபோது ஒரு பதவிக்கு இவ்வளவு என்று கவுன்டி நிலையான தொகை கட்டும் முறைக்கு மாறிவிட்டார்கள். நீங்கள் இன்னும் நாற்பதைப் பிடித்துத் தொங்குகிறீர்கள்.

சோளக்கொல்லை:
இரண்டு பேருமே பாதி சொல்கிறீர்கள். பல கவுன்டிகளில் அந்த அலுவலகத்தில் முன்னால் உட்கார்ந்து போன் எடுப்பவர் கவுன்டி ஊழியர். பின்னால் உட்கார்ந்து மண் பரிசோதனை முடிவைப் படித்துச் சொல்பவர் பல்கலைக்கழக ஊழியர். ஒரே காபி இயந்திரம். முதலில் 'கவனிப்பது' என்றால் வேலையைப் பார்ப்பதா, பணத்தைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா என்று முடிவு செய்துவிட்டுச் சண்டை போடலாமே?

கொம்பன்:
பாருங்கள், சோளக்கொல்லையே சொல்லிவிட்டார். முன்னால் உட்கார்ந்திருப்பவர் கவுன்டி ஊழியர்!

வடகரை:
முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி யார் பேசினார்கள்? நான் சொன்னது வேளாண் கல்வியாளர். அவர் சம்பளச் சீட்டில் யார் பெயர்?

ரோச்செஸ்டர்வாசி:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் நியூயார்க்கில் இரண்டும் இல்லை. கவுன்டிக்குக் கவுன்டி, கார்னெல் பல்கலைக்கழகத்தின் பெயரில் கார்னெல் கூட்டுறவு விரிவாக்கச் சங்கம் என்று தனியாக இருக்கிறது. கவுன்டிச் சட்டம் பிரிவு 224-இன் கீழ் வருவது. ஊழியர்கள் அந்தச் சங்கத்தின் ஆட்கள். கார்னெல் பெயரோடு இருப்பார்கள், ஆனால் கார்னெல் சம்பளச் சீட்டு இல்லை. பாதிப் பேருக்கு அதுவே தெரியாது.

வடகரை:
நன்றி, ஆனால் இது விஸ்கான்சின் இழை.

கொம்பன்:
ரோச்செஸ்டர்வாசி சொன்னதைக் கவனியுங்கள். கவுன்டிச் சட்டம்! எல்லா இடத்திலும் கவுன்டிதான்.

வடகரை:
அவர் சொன்னது கவுன்டி ஊழியர் இல்லை என்று. படித்தீர்களா இல்லையா?

தோட்டக்காரி:
நான் மாஸ்டர் கார்டனர், அதாவது தோட்டக்கலையில் பயிற்சி பெற்ற தொண்டர். அதுவும் எக்ஸ்டென்ஷன் திட்டம்தான். எனக்குச் சம்பளமே கிடையாது, சீட்டும் கிடையாது. அப்போது நான் யாருடைய ஆள்?

கொம்பன்:
அக்கா, நீங்கள் எங்கள் ஆள். :)

வடகரை:
வரலாறு தெரியாமல் பேசுவதால் ஒரு வார்த்தை. விஸ்கான்சினில் முதல் கவுன்டி ஏஜென்ட் (இன்றைய வேளாண் கல்வியாளருக்கு முன்னோடி) வந்தது 1912-இல், ஒனைடா கவுன்டிக்கு. பெயர் லூதர். வடக்கே காடு வெட்டி முடித்த நிலம், அடிக்கட்டையும் கல்லும்தான் மிச்சம். அங்கே குடியேறிய விவசாயிகளைப் பார்க்க மோட்டார் சைக்கிளில் போனவர் அவர். ஸ்மித்-லீவர் சட்டத்துக்கு இரண்டு வருடம் முன்னால். அனுப்பியது யார்? மேடிசனில் இருந்த பல்கலைக்கழக வேளாண் கல்லூரி. அன்றைக்கே இதுதான் நிலை.

கொம்பன்:
அதற்குத்தான் காத்திருந்தேன். அவர் பதவியின் பெயர் என்ன? கவுன்டி ஏஜென்ட். 'பல்கலைக்கழக ஏஜென்ட்' இல்லை. மோட்டார் சைக்கிள் ஓடியது எந்தச் சாலையில்? கவுன்டிச் சாலையில்.

குப்பைத்தொட்டி:
பெட்ரோல் யார் போட்டார்கள் என்று கேட்க மறந்துவிட்டீர்களே.

கொம்பன்:
நாற்பது சதவீதம் நாங்கள் போட்டிருப்போம்.

வடகரை:
சிரித்து மழுப்ப வேண்டாம். சரி, 4-எச்சுக்கு வருகிறேன். அந்த நான்கிலைச் சின்னமும் 4-எச் என்ற பெயரும் மத்திய அரசுச் சட்டப் பாதுகாப்பில் இருக்கின்றன. கவுன்டி போர்டு தீர்மானம் போட்டு அதைத் தொட முடியாது. மன்றங்களுக்கு அங்கீகாரம் எக்ஸ்டென்ஷன் வழியாக வருகிறது. தொண்டர்களின் பின்னணியைச் சரிபார்ப்பது எக்ஸ்டென்ஷன். என் மகள் மன்றத்தில் இருக்கிறாள், நான் ஒவ்வொரு வருடமும் படிவம் நிரப்புகிறவன். அந்தப் படிவத்தின் தலையில் கவுன்டி முத்திரை கிடையாது. கவுன்டிச் சந்தையில், அதாவது வேளாண் கண்காட்சியில், ஆட்டுக்குட்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறார்களே, அந்தச் சந்தையைக்கூடப் பல இடங்களில் நடத்துவது தனி வேளாண் சங்கம். போர்டு இல்லை. 'கவுன்டி' என்று முன்னால் ஒட்டியிருந்தால் எல்லாம் கவுன்டியா?

தோட்டக்காரி:
ஆட்டுக்குட்டிக்குப் பெயர் வைத்து, பால் புகட்டி வளர்த்து, கடைசியில் ஏலத்தில் விற்கிறார்களே, அதைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது சரியா? எனக்கு அதுதான் உறுத்தல்.

சோளக்கொல்லை:
அக்கா, ஆட்டுக்கறி சாப்பிடுகிற ஊரில் அது எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைக்குத் தெரிந்தால் என்ன தப்பு? எவ்வளவு தீனி போட்டோம், எவ்வளவு செலவு, எவ்வளவு கிடைத்தது என்று கணக்குப் புத்தகம் எழுத வைக்கிறார்கள். எம்.பி.ஏ. படித்தவனுக்கே வராத கணக்கு அது.

தோட்டக்காரி:
கணக்கு வரும், கண்ணீரும் வருமே. போன கோடையில் ஒரு பையன் கொட்டிலில் உட்கார்ந்து அழுததை நான் பார்த்தேன்.

வடகரை:
என் மகள் அழவில்லை. இழைக்கு வருவோம். சம்பளச் சீட்டு.

கொம்பன்:
சம்பளச் சீட்டு, சம்பளச் சீட்டு! நான் ஒன்று கேட்கிறேன். விஸ்கான்சினில் கவுன்டிகளுக்குச் சொத்து வரியை உயர்த்த மாநிலம் உச்சவரம்பு வைத்திருக்கிறது. சாலை, சிறை, நீதிமன்றம் எல்லாம் கட்டாயச் செலவு. எக்ஸ்டென்ஷன் கட்டாயம் இல்லை. நவம்பரில் பட்ஜெட் கூட்டம். அன்றைக்கு ஒரு சூப்பர்வைசர் (போர்டு உறுப்பினர்) கையைத் தூக்கி, எக்ஸ்டென்ஷன் செலவு எழுதிய அந்த ஒரு வரியை அடித்துவிட்டால் உங்கள் பல்கலைக்கழக ஊழியர் மறுநாள் எங்கே உட்காருவார்? அதற்குப் பெயர் அதிகாரம் இல்லையா? எங்கள் கவுன்டியில் ஒரு பதவி காலியாகி நிரப்பாமலே கிடக்கிறது. கூட்டத்துக்குப் போய், பொதுமக்கள் பேசும் நேரத்தில் எழுந்து பேசியவன் நான். இங்கே எத்தனை பேர் போயிருக்கிறீர்கள்?

வடகரை:
பேசிய கதையை இந்த மன்றத்தில் கேட்காதவர்கள் இல்லை. தீபாவளி இழையில்கூடச் சொன்னீர்கள்.

கவுன்டி பணத்தை நிறுத்தினால் பதவி போகும். ஒத்துக்கொள்ள என்ன இருக்கிறது, அது எல்லோருக்கும் தெரிந்தது. ஆனால் பதவி போவது வேறு, ஆளை 'வீட்டுக்கு அனுப்புவது' வேறு. நீங்கள் எழுதியது ஆளை. ஆள் பல்கலைக்கழக ஆள்.

கொம்பன்:
வாடகை கட்டாதவனை வெளியே தள்ளவில்லை, வீட்டை மட்டும் பூட்டிவிட்டேன் என்பது போல இருக்கிறது உங்கள் வாதம்.

குப்பைத்தொட்டி:
மூன்று விஷயம் என்று ஆரம்பித்தீர்கள். மறுசுழற்சியை யாருமே தொடவில்லையே. அது என் பேட்டை என்பதால் சொல்கிறேன், இருவருமே தவறு. 1990-இல் கையெழுத்தான மறுசுழற்சிச் சட்டம் பொறுப்பை முதலில் நகரம், கிராமம், டவுன் தலையில்தான் வைத்தது. கவுன்டி தீர்மானம் போட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளலாம். சில கவுன்டிகள் எடுத்துக்கொண்டன, சில விட்டுவிட்டன. பல இடங்களில் கவுன்டிக்கு உங்கள் நீல மறுசுழற்சித் தொட்டியோடு சம்பந்தமே இல்லை. சட்டத்தைக் கண்காணிப்பது மாநில இயற்கை வளத் துறை. எதை எந்த வருடத்திலிருந்து குப்பைக் கிடங்கில் போடக்கூடாது என்பதும் மாநிலம் வைத்த தடை: 1991-இல் பழைய பேட்டரி, ஃப்ரிட்ஜ், வண்டி ஆயில். 1993-இல் இலை தழை. 1995-இல் பேப்பர், அட்டை, கேன், பாட்டில். 2010-இல் டிவி, கம்ப்யூட்டர். கவுன்டி போர்டு போட்ட தடை இல்லை இது.

வடகரை:
ஆக, கவுன்டி இல்லை. நன்றி.

கொம்பன்:
ஆக, கவுன்டி எடுத்துக்கொள்ளலாம். நன்றி.

குப்பைத்தொட்டி:
உங்களோடு பேசுவதற்குத் தொட்டியோடு பேசலாம்.

சோளக்கொல்லை:
விவசாயமும் குப்பையும் ஒன்றாக வருகிற இடம் ஒன்று உண்டு, க்ளீன் ஸ்வீப். கொட்டகையில் அப்பா காலத்துப் பூச்சிமருந்து டப்பா துருப்பிடித்துக் கிடக்கும். யாருக்கும் அதைத் தொட தைரியம் இருக்காது. அதை வாங்கிக்கொள்ளத்தான் 1990-இல் அந்தத் திட்டமே தொடங்கியது. வீட்டு ரசாயனமெல்லாம் பிறகு சேர்ந்தது. மானியம் மாநில வேளாண் துறை தருகிறது, ஆள் வைத்து நாள் குறித்து நடத்துவது பெரும்பாலும் கவுன்டி. தடை செய்த மருந்தை ஒருவர் தார்ப்பாயில் சுற்றி எடுத்துவந்து இறக்கியபோது, வாங்கிக்கொள்பவருக்கு யாருடைய சம்பளச் சீட்டு என்றும் அவர் கேட்கவில்லை, கதவில் யார் பெயர் என்றும் பார்க்கவில்லை.

வடகரை:
அழகாகச் சொன்னீர்கள், ஆனால் விஷயம் அதுவல்ல. ஒரு தவறான தகவலை ஒருவர் உறுதியாகச் சொன்னார். அதைத் திருத்த வேண்டும். நாளைக்கு யாராவது வேளாண் கல்வியாளர் மேல் புகார் கொடுக்க கவுன்டி போர்டு வாசலில் போய் நிற்பார். பல்கலைக்கழகத்துக்குப் போங்கள் என்று அவர்கள் திருப்பி அனுப்புவார்கள்.

ரோச்செஸ்டர்வாசி:
நம் ஊரோடு ஒப்பிட்டால் சுவாரஸ்யம். தமிழ்நாட்டில் விரிவாக்கம் மாநில வேளாண் துறை கையில், ஆராய்ச்சி பல்கலைக்கழகம் கையில். இங்கே இரண்டையும் பல்கலைக்கழகத்திடமே கொடுத்துவிட்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் கீழ் 1974-இல் புதுச்சேரியில் தொடங்கிய வேளாண் அறிவியல் நிலையம்தான் நாட்டிலேயே முதலாவது, அது கொஞ்சம் இந்த மாதிரி. அங்கே மாவட்ட ஆட்சியர்...

கொம்பன்:
அதேதான்! மாவட்ட ஆட்சியர் போலத்தான் கவுன்டி போர்டு.

வடகரை:
கடவுளே. மாவட்ட ஆட்சியர் நியமிக்கப்பட்ட அதிகாரி. கவுன்டி சூப்பர்வைசர்கள் இரட்டைப்படை வருட ஏப்ரலில் ஓட்டு வாங்கி வருகிறவர்கள், கட்சிச் சின்னம்கூடக் கிடையாது. எங்கே இருந்து எங்கே முடிச்சுப் போடுகிறார்! ஒப்பீடு வேண்டாம் என்று அப்போதே சொன்னேன்.

ரோச்செஸ்டர்வாசி:
நான் முழுதாக எழுதவே இல்லை.

மட்டுறுத்துநர்:
நண்பர்களே, ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. தனிப்பட்ட கிண்டல் வேண்டாம். புதிதாகச் சொல்ல ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.

வடகரை:
புதிதாகச் சொல்கிறேன். இன்று மதியம் எக்ஸ்டென்ஷன் இணையதளத்தில் எங்கள் வேளாண் கல்வியாளரின் மின்னஞ்சல் முகவரியைப் பார்த்தேன். முகவரி பல்கலைக்கழகத்துடையது. கவுன்டியுடையது இல்லை.

கொம்பன்:
மின்னஞ்சல் முகவரியா? என் மனைவியின் மின்னஞ்சல் கூகுளுடையது. அவர் கூகுள் ஊழியரா?

தோட்டக்காரி:
:))) இதை மட்டும் ரசித்தேன்.

வடகரை:
ரசியுங்கள். சம்பளச் சீட்டு பற்றி இன்னும் பதில் இல்லை என்பதையும் கவனியுங்கள். போன வருடம் பொங்கல் விழாவிலும் இதே கதைதான். தெர்மாக்கோல் தட்டை நீலத் தொட்டியில் போடலாம் என்று கொம்பன் அடித்துச் சொன்னார், எல்லோரும் போட்டார்கள், பின்னால் நானும் குப்பைத்தொட்டியும் கையுறை போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்தோம்.

குப்பைத்தொட்டி:
உண்மை. சாம்பார் வேறு.

கொம்பன்:
அந்தத் தட்டை வாங்கி வந்தது யார்? நானா? விழாக் குழுவில் வடகரைதான் பொருளாளர். ரசீது இருக்கிறதா, யார் பெயரில் இருக்கிறது?

வடகரை:
தட்டு நன்கொடை. ரசீது கிடையாது. பேச்சை மாற்ற வேண்டாம்.

கொம்பன்:
ரசீது கிடையாதாம்! சம்பளச் சீட்டு மட்டும் வேண்டுமாம்! நன்கொடை கொடுத்தவர் யார் என்று சொல்லுங்கள், கணக்கு இழையில் போட்டுவிடலாம்.

குப்பைத்தொட்டி:
கணக்கு இழை என்றதும் ஞாபகம் வருகிறது, அந்தக் கையுறைக்கு நான் கொடுத்த பணம் இன்னும் வரவில்லை.

வடகரை:
அது கொம்பன் தர வேண்டியது.

கொம்பன்:
நாற்பது சதவீதம் தருகிறேன்.