ஊருணியின் நீர்வரத்து மேட்டில் கிராவல் குவாரி: எங்கே, எப்போது ஆட்சேபிக்க வேண்டும்?

கேள்வி: செம்மண்மேடு

வணக்கம். நான் சிவகங்கை மாவட்டத்தில் வானம் பார்த்த ஒரு கிராமத்தைச் சேர்ந்தவள். எங்கள் ஊரில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பாக இருப்பதால், வீட்டுக்கு வீடு குழாய் வந்த பிறகும் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் ஊருணித் தண்ணீரையே எடுக்கிறோம். மழைக்குப் பின் செந்நிறமாகக் கலங்கிய தண்ணீரைக் கொண்டுவந்து, பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை உரைத்து ஊற்றி வைத்தால், விடிவதற்குள் மண் அடியில் படிந்து தண்ணீர் தெளிந்துவிடும். ஊருணிக்கு மேற்கே உள்ள செம்மண் மேட்டில் பெய்யும் மழைதான் இரண்டு வரத்துக்கால்கள் வழியாக அதை நிரப்புகிறது.

அந்த மேட்டில் ஏறத்தாழ நான்கு ஹெக்டேர் பட்டா நிலத்தை வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கி, இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கிராவல் மண் எடுக்கக் குத்தகை கேட்டு விண்ணப்பித்திருக்கிறார். சாலைப் பணிக்கான மண் என்பதால் சுற்றுச்சூழல் அனுமதி தேவையில்லை என்று அவருடைய ஆட்கள் சொல்கிறார்கள். ஊரில் சிலர் மறியலில் உட்காரலாம் என்கிறார்கள். வேறு சிலரோ, அவருடைய பட்டா நிலத்தில் அவர் தோண்டுவதை நாம் எப்படித் தடுக்க முடியும் என்று கைவிரிக்கிறார்கள். வீடுகளுக்கு 300 மீட்டருக்குள் குவாரி கூடாது என்ற விதியை வைத்து மனு எழுதினால் போதுமா? விவரம் அறிந்தவர்கள் வழி சொல்ல வேண்டும்.

பதில் 1: பழைய நில அளவர்

அம்மா, 300 மீட்டர் விதியை மட்டும் நம்பி மனு எழுத வேண்டாம். தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள், 1959-இல் உள்ள அந்தத் தடை கல் குவாரிகளுக்காகச் சொல்லப்பட்டது. கிராவல் மண் எடுப்பதற்கு அது பொருந்தாது என்று ஒரே வரியில் பதில் எழுதி உங்கள் மனுவை முடித்துவிடுவார்கள். உங்களுக்கு உண்மையான பலம் வரத்துக்கால்கள்தான்.

முதலில் அந்தச் சர்வே எண்களுக்கும் அடுத்தடுத்த எண்களுக்கும் புல வரைபடத்தையும் 'அ' பதிவேட்டையும் (ஒவ்வொரு சர்வே எண்ணும் என்ன வகை நிலம், யார் பெயரில் என்று காட்டும் கிராமப் பதிவேடு) எடுங்கள். வரத்துக்கால் தனி உட்பிரிவாக, வாய்க்கால் அல்லது ஓடைப் புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால், பட்டா நிலம் என்ற வாதம் அந்த இடத்தில் செல்லாது. 1980-களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். பதிவின்போது சிறு கால்கள் பல இடங்களில் பட்டாவுக்குள் சேர்ந்துவிட்டன. ஆகவே இன்றைய வரைபடத்தில் இல்லை என்றால் அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் கிராம வரைபடத்தையும் கேட்டு வாங்குங்கள். அலுவலகத்தில் அலைக்கழித்தால் தகவல் உரிமைச் சட்டத்தின்படி 10 ரூபாய் கட்டணத்துடன் மனு கொடுங்கள். 30 நாட்களுக்குள் அவர்கள் பதில் தர வேண்டும்.

இன்னொன்றையும் மனுவில் எழுதுங்கள். நான்கு ஹெக்டேரில் இரண்டு மீட்டர் தோண்டினால் 80,000 கனமீட்டர் பள்ளம், அதாவது எட்டுக் கோடி லிட்டர் கொள்ளளவு. மேட்டிலிருந்து இறங்கும் மழைநீர் முதலில் அந்தப் பள்ளத்தில்தான் விழும். அது நிரம்பி வழிந்த பிறகே ஊருணிக்கு ஏதாவது வந்து சேரும். ஊருணி பாதிக்கப்படும் என்று பொதுவாக எழுதுவதைவிட, உங்கள் ஊருணியின் நீளம், அகலம், ஆழத்தை அளந்து, பள்ளம் அதைப்போல எத்தனை மடங்கு என்று எழுதினால் படிக்கும் அதிகாரி அதைத் தாண்டிப் போக முடியாது. மழை பெய்யும்போது இரண்டு கால்களிலும் தண்ணீர் ஓடுவதைக் காணொளியாகவும் எடுத்து வையுங்கள்.

பதில் 2: பசுமைச் சட்டம்

சாலைப் பணிக்கு அனுமதி தேவையில்லை என்று சொல்வதை அப்படியே நம்ப வேண்டாம். சாலை, குழாய்ப் பாதை போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுப்பதற்கு 2020 மார்ச் 28 அறிவிக்கை விலக்கு அளித்திருந்தது; அந்த விலக்கை உச்ச நீதிமன்றம் 2024 மார்ச் 21 அன்று ரத்து செய்துவிட்டது. 2025 மார்ச்சில் மத்திய அரசு நிபந்தனைகளுடன் புதிய விலக்கு அறிவித்தது; ஆகவே எந்த விலக்கின்படி என்று அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறுகனிமக் குத்தகைக்கும் முன் அனுமதி வேண்டும் என்பதைத் தீபக் குமார் வழக்கில் 2012-லேயே அந்த நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஐந்து ஹெக்டேருக்குள் இருந்தால் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் இல்லாமலே விண்ணப்பம் நகர்ந்துவிடக்கூடும் என்பதுதான் உங்களுக்குள்ள ஆபத்து. ஆகவே 500 மீட்டருக்குள் வேறு குத்தகைகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவற்றையும் சேர்த்து ஐந்து ஹெக்டேரைத் தாண்டினால் தொகுப்பாகக் கருதி, சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் கருத்துக்கேட்பும் கேட்கலாம். சுற்றுச்சூழல் அனுமதி விண்ணப்பங்களுக்கான மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பத்தைத் தேடி, சுரங்கத் திட்டத்தையும் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த சான்றையும் வரிவிடாமல் படியுங்கள். அருகில் நீர்நிலை எதுவும் இல்லை என்று எழுதியிருந்தால், அதை ஆதாரத்துடன் மறுப்பதே உங்கள் மனுவின் முதல் பத்தியாக இருக்கட்டும். மனுவை ஆட்சியர், கனிமவளத் துறை, மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் ஆகிய மூன்று இடங்களுக்கும் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அனுமதி கொடுக்கப்பட்டுவிட்டால் 30 நாட்களுக்குள் சென்னையில் உள்ள தென்மண்டலப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் வரை தாமதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் கிடையாது. டிப்பர் ஓடத் தொடங்கிய பிறகு விழித்துக்கொண்டு வரும் ஊர்களின் வழக்குகள் பெரும்பாலும் இங்கேதான் விழுகின்றன.

பதில் 3: டிப்பர் உரிமையாளர்

நான் இந்தத் தொழிலில் இருப்பவன், கோபிக்காமல் படியுங்கள். சாலைக்கும் வீட்டுக் கடைக்காலுக்கும் மண் எங்கிருந்தாவது வந்துதான் ஆக வேண்டும், உங்கள் ஊர்ப் பையன்களும் இந்த வண்டிகளை ஓட்டித்தான் பிழைக்கிறார்கள். ஆனால் ஊருணியின் வரத்தில் கைவைப்பதை நானும் ஏற்க மாட்டேன். வரத்து இல்லாத வேறு பொட்டலைக் காட்டி, அங்கே எடுத்தால் எங்களுக்கு ஆட்சேபனை இல்லை என்றும் மனுவில் எழுதுங்கள். அப்படி எழுதினால், எல்லாவற்றையும் எதிர்ப்பவர்கள் என்று உங்களை ஒதுக்க முடியாது.

செம்மண்மேடு

மூவருக்கும் மிக்க நன்றி. மாற்று இடம் குறித்து ஊரில் பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். ஆனால் புல வரைபடத்தில் வடக்குக் கால் தனி உட்பிரிவாகவே இருக்கிறது என்பதை இன்று பார்த்துவிட்டோம். அடுத்த கிராம சபையில் தீர்மானம் போட்டால் அதற்கு ஏதாவது மதிப்பு உண்டா?

பசுமைச் சட்டம்

அந்தத் தீர்மானம் ஒன்றே குத்தகையைச் சட்டப்படி தடுத்துவிடாது. ஆனாலும் மதுரை மாவட்டத்து அரிட்டாபட்டியை எண்ணிப் பாருங்கள்: டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் சுற்றுவட்டார ஊர்களில் கிராம சபைத் தீர்மானங்கள் நிறைவேறின, டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் தீர்மானம் போட்டது, 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அது பெருங்கனிமம், உங்களுடையது சிறுகனிமம் என்ற வேறுபாடு இருந்தாலும், ஊர் முழுவதும் ஒரே நிலையில் நிற்கிறது என்பதற்குத் தீர்மானத்தைவிட நல்ல ஆவணம் இல்லை. வடக்குக் காலின் சர்வே எண்ணையும் உட்பிரிவு எண்ணையும் தீர்மானத்தின் வாசகத்திலேயே சேர்த்து, தீர்மானப் பதிவேட்டின் சான்றிட்ட நகலை அன்றே கேட்டு வாங்கி மனுவுடன் இணைத்துவிடுங்கள்.