விலை உயர்ந்த எச்டிஎம்ஐ கேபிள் வாங்கியவர்கள், வாங்கி நொந்தவர்கள், வாங்காமல் நொந்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

சாம்பல்திரை:

என் கதையிலிருந்தே தொடங்குகிறேன். புது டிவி வாங்கிய அன்று விற்பனையாளர், "இவ்வளவு நல்ல டிவிக்குக் கிடைத்த வயரைப் போட்டால் படம் எப்படி சார் வரும்?" என்று கேட்டார். 'வரும்' என்று பதில் சொல்லியிருக்க வேண்டும். துணிச்சல் வரவில்லை. செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டுபோகும் எச்டிஎம்ஐ கேபிளைச் சாதாரணக் கேபிளைப்போலப் பத்து மடங்கு விலை கொடுத்து வாங்கிவந்தேன். கறுப்பு நூல் பின்னிய உறை, தங்கமுலாம் பூசிய முனை, வெல்வெட் விரித்த பெட்டி. மோதிரத்துக்குக்கூட இவ்வளவு மரியாதையான பெட்டி எனக்குக் கிடைத்ததில்லை.

வீட்டில் இருந்த பழைய வயரை முதலில் போட்டுப் பார்த்துவிட்டு இதை மாட்டியதும் படம் அள்ளியது. இருட்டுக் காட்சிகளில் ஆழம், முகங்களில் ஒரு மென்மை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "கொஞ்சம் மஞ்சளாக இருக்கிறது" என்றார். ரசனை இல்லாதவர் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன்.

மூன்று வாரம் கழித்துத் தூசி தட்டுவதற்காக டிவியை நகர்த்தினேன். கழற்றிய கேபிளைத் திரும்ப மாட்டும்போது கவனிக்காமல் வேறு துளையில் செருகிவிட்டேன். பழைய படம் வந்து நின்றது! அதே கேபிள், அதே செட்டாப் பாக்ஸ், அதே படம், ஆனால் அந்த ஆழமும் இல்லை, மென்மையும் இல்லை. ரிமோட்டை எடுத்து அமைப்புகளுக்குள் போனபோது விஷயம் புரிந்தது. என் டிவி ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாகப் பட அமைப்பை நினைவில் வைத்துக்கொள்கிறது. முதல் துளை 'பளிச்' அமைப்பில் இருந்தது. இரண்டாவது துளை 'சினிமா' அமைப்பில் இருந்தது. பழைய வயர் முதல் துளையில், புதியது இரண்டாவதில். கேபிளுக்குக் கொடுத்த பணத்தில் நான் வாங்கியது ரிமோட்டில் இருந்த ஒரு பொத்தானின் வேலையை.

விலை கொடுத்ததால் உண்மையிலேயே வித்தியாசம் கண்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

நீளவயர்:

இருக்கிறேன். நான் நொந்தது வாங்காமல்.

கூட்ட அரங்குகளில் புரொஜெக்டர் பொருத்துவது என் தொழில். ஓர் அரங்கில் மேடையிலிருந்து புரொஜெக்டர் வரை 15 மீட்டர் தூரம். இருப்பதிலேயே மலிவான செம்புக் கேபிளைக் குழாய்க்குள் இழுத்து, கூரைப் பலகையை மூடிவிட்டேன். 1080பி (முழு எச்டி) புரொஜெக்டர்; பல ஆண்டுகள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. பிறகு அங்கே அதைவிட நான்கு மடங்கு புள்ளிகள் கொண்ட 4கே புரொஜெக்டர் வந்தது. வயர் அதேதான்.

முதல் நிகழ்ச்சியிலேயே திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்ன ஆரம்பித்தன. கறுப்புப் பின்னணியில் உப்பைத் தூவியதுபோல் இருந்தது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை திரை முழுவதும் இரண்டு விநாடி இருண்டு, ஒன்றும் நடக்காததுபோல் திரும்பி வரும். இருநூறு பேர் ஒரே நேரத்தில் தலையைத் திருப்பி உங்களைப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

காரணம் எளிமையானது. 1080பி படம் 60 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 60 முறை மாறி, ஓட நொடிக்குச் சுமார் 4.5 கிகாபிட் தரவு போதும். 4கே படம் அதே 60 ஹெர்ட்ஸில் ஓட ஏறக்குறைய 18 கிகாபிட் வேண்டும். அதே குழாய்க்குள் நான்கு மடங்கு தண்ணீரைத் திறந்துவிட்டேன். டிஜிட்டல் சிக்னலின் குணம் என்னவென்றால், அது கொஞ்சம் கொஞ்சமாக மங்காது. தாங்கும் வரை முழுப் படம். தாங்காத இடத்தில் புள்ளி, பிறகு இருட்டு.

இறுதியில் கண்ணாடி இழைக் கேபிள் போட்டேன். செம்பைவிட நல்ல விலை, ஆனால் அந்த நீளத்துக்கு அது வீண்செலவு அல்ல. ஒன்றை மட்டும் என் செலவில் கற்றுக்கொள்ளுங்கள்: அந்தக் கேபிளுக்குத் திசை உண்டு. முனைக்குள்ளேயே மின்சிக்னலை ஒளியாக மாற்றும் சில்லு இருக்கிறது. ஒரு முனை அனுப்பும், மறுமுனை வாங்கும். இழுத்து முடித்து, பலகையை மூடி, ஏணியிலிருந்து இறங்கிய பிறகு கையில் இருந்த முனையைப் பார்த்தேன். 'டிஸ்ப்ளே' என்று அச்சிட்டிருந்தது. நான் நின்றுகொண்டிருந்தது மேடையில்.

வெள்ளிக்கம்பி:

இரண்டு மீட்டர் கேபிளிலும் வித்தியாசம் உண்டு. என்னிடம் வெள்ளி பூசிய கம்பி இருக்கிறது. நிறங்களில் ஒரு வெதுவெதுப்பு தெரிகிறது. கண்ணால் பார்ப்பதை எப்படி இல்லை என்று சொல்வது?

சாம்பல்திரை:

நானும் கண்ணால்தான் பார்த்தேன் ஐயா. எந்தத் துளையில் மாட்டியிருக்கிறீர்கள்?

பழுதுமேசை:

பழுது பார்ப்பது என் வேலை என்பதால் கேபிள்களை அறுத்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

மிக மலிவான கேபிள் ஒன்றை அறுத்து, உள்ளே இருந்த கம்பியில் காந்தத்தை வைத்தேன். ஒட்டிக்கொண்டது. செம்பில் காந்தம் ஒட்டாது. அது செம்பு பூசிய இரும்புக் கம்பி. அதற்கு நேர்மாறாக, சுண்டுவிரல் தடிமனில் வந்த விலை உயர்ந்த கேபிள் ஒன்றையும் அறுத்தேன். பின்னல் உறை, அதற்குள் ரப்பர், அதற்குள் இன்னோர் உறை, நடுவில் நிரப்பு நூல். எல்லாவற்றையும் உரித்துப்போட்டால் மிஞ்சிய கம்பி, நடுத்தர விலைக் கேபிளில் இருக்கும் அதே அளவுதான். வெங்காயம் உரித்த கதை.

அந்தத் தடிமனால் ஒரு கெடுதலும் உண்டு. சுவரை ஒட்டிய டிவியில் விறைப்பான, கனமான கேபிள் தொங்கினால் அதன் பாரம் முழுவதும் சாக்கெட்டின் மீது விழும். 19 பின்களும் மெல்லிய சாலிடரில் நிற்கின்றன. அப்படிச் சாக்கெட் ஆட்டம் கண்டு என் மேசைக்கு வந்த டிவிகள் உண்டு.

தங்கமுலாம் பற்றிக் கேட்பவர்களுக்கு: தங்கத்தைவிடச் செம்பும் வெள்ளியும் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். தங்கம் பூசுவது களிம்பு ஏறாமல் இருக்க. பூச்சு மிக மெல்லியது என்பதால் மலிவான கேபிளிலும் அது உண்டு.

எச்டிஎம்ஐக்கு முன்பு இருந்த விஜிஏ, காம்போனென்ட் கேபிள்களின் காலத்தில் கேபிள் மட்டமாக இருந்தால் எழுத்துக்குப் பக்கத்தில் நிழல் விழும், படம் மங்கும். அது அனலாக், சிக்னல் கெட்ட அளவுக்குப் படமும் கெடும்; அன்று நல்ல கேபிளுக்குப் பணம் கொடுத்ததில் நியாயம் இருந்தது. விற்பவர்கள் அந்த வசனத்தை மட்டும் மாற்றாமல் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் விலையைப் பார்ப்பதில்லை, பெயரைப் பார்ப்பேன். 'ஹை ஸ்பீட்' என்றால் நொடிக்கு 10.2 கிகாபிட், 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்றால் 18, 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்றால் 48. பெட்டியில் '2.1' என்று போட்டிருந்தால், அது 2017இல் வந்த எச்டிஎம்ஐ விதிமுறையின் எண்; கேபிளின் வகைப் பெயர் அன்று. அல்ட்ரா ஹை ஸ்பீட் கேபிளின் பெட்டியில் சான்று வில்லை ஒட்டியிருக்கும். அதிலுள்ள கியூஆர் குறியீட்டை அதற்கான செயலியில் ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று தெரிந்துவிடும்.

இரவுப்பணி:

என்னுடையது எச்டிஎம்ஐ அல்ல, கணினியையும் மானிட்டரையும் இணைக்கும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள். பரவாயில்லையா?

கணினியை அணைத்தால் மறுபடி உயிர்பெறாது. மின்விசிறி ஒருமுறை துடிக்கும், அவ்வளவுதான். பவர் சப்ளையை மாற்றினேன், நினைவகத்தைக் கழற்றி மாட்டினேன். ஓர் இரவு, வெறுத்துப்போய் மின்வயரையே பிடுங்கிவிட்டேன். மதர்போர்டில் ஒரு சிறு விளக்கு மட்டும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிடம் ஆகியும் அணையவில்லை. மின்சாரம் இல்லாத கணினிக்கு எங்கிருந்து வெளிச்சம்?

மானிட்டரிலிருந்து. டிஸ்ப்ளேபோர்ட்டின் 20ஆவது பின் 3.3 வோல்ட் மின்சாரத்துக்கானது. இரண்டு சாதனங்களை இணைக்கும் கேபிளில் அந்தப் பின்னை இணைக்கக்கூடாது என்பது விதி. என் கேபிளில் இணைத்திருந்தார்கள். மானிட்டர் கேபிள் வழியாகக் கணினிக்குள் மின்சாரத்தைக் கசியவிட்டுக்கொண்டிருந்தது. கேபிளைக் கழற்றியதும் விளக்கு அணைந்தது, கணினி எழுந்தது.

சொல்ல மறந்துவிட்டேன், அது மலிவான கேபிளும் அல்ல.

புதுமுகம்:

என் யுஎஸ்பி-சி கேபிள் மடிக்கணினிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது, மானிட்டரில் மட்டும் படம் வரவில்லை. இதுவும் மட்டமான கேபிளா?

பழுதுமேசை:

மட்டம் என்று சொல்ல முடியாது. சார்ஜுக்காகவே செய்த கேபிள்களில் படம் போவதற்கான கம்பிகளே இருக்காது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே அச்சு. மடிக்கணினித் துளையும் வீடியோ தரக்கூடியதுதானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாம்பல்திரை:

பழுதுமேசை சொன்னதைப் படித்துவிட்டு வெல்வெட் பெட்டியைத் தேடி எடுத்தேன். சான்று வில்லை இல்லை, கியூஆர் குறியீடு இல்லை. கேபிளின் உறையில் சின்ன எழுத்தில் 'ஹை ஸ்பீட்' என்று மட்டும் இருக்கிறது. பையனின் கேம் கன்சோலில் 120 ஹெர்ட்ஸைத் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் திரை இருண்டுபோனதற்கு இத்தனை நாள் டிவியைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

கன்சோலுடன் இலவசமாக வந்த வயர் பிரிக்காமல் அலமாரியில் கிடந்தது. அதன் மேல் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்'. மாட்டினேன். 120 வந்துவிட்டது. பத்து மடங்குக் கேபிள் இப்போது செட்டாப் பாக்ஸில் செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறது. பெட்டியை மனைவி எடுத்துக்கொண்டார். ஊசி நூல் வைக்க வசதியாக இருக்கிறதாம்.