'டிரம் அவுட்' என்று மெயிலில் எழுதலாமா? அவசர உதவி தேவை

கேள்வி (கீழக்கரை):
அஸ்ஸலாமு அலைக்கும். என் மச்சான் கத்தாரில் வேலை பார்க்கிறார். தங்கியிருந்த அறையை விட்டு ராத்திரியோடு ராத்திரியாக வெளியேற்றிவிட்டார்கள். பெட்டி படுக்கையெல்லாம் வாசலில் கிடந்ததாம். கம்பெனிக்கு ஆங்கிலத்தில் மெயில் எழுதித் தரச் சொல்கிறார். ஒரு செய்தியில் 'டிரம்டு அவுட் ஆஃப் த பார்ட்டி' என்று படித்தேன். அதே மாதிரி 'ஐ வாஸ் டிரம்டு அவுட் ஆஃப் மை ரூம்' என்று போடலாமா?

பதில் (ராமேஸ்வரம்):
'கிக்டு அவுட்' போடுங்க தம்பி, எல்லாருக்கும் புரியும்.

பதில் (மண்டபம், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை):
'கிக்டு அவுட்' பேச்சுக்குச் சரி, புகார் மெயிலுக்கு வேண்டாம். 'டிரம்டு அவுட்' கட்டாயம் வேண்டாம். அந்தக் கால பிரிட்டிஷ் ராணுவத்தில், தப்பு செய்த சிப்பாயின் சீருடைப் பட்டைகளைப் பிய்த்துவிட்டு, மொத்தப் படையும் பார்க்க, முரசு அடித்துத் துரத்துவார்கள். அதிலிருந்து வந்த சொல் இது. கட்சி, சங்கம், பதவி இவற்றிலிருந்து ஒருவரை அவமானப்படுத்தி வெளியேற்றினால்தான் இது பொருந்தும். நம் கரையோரத்தில் ஊர்க்கூட்டம் போட்டுத் தள்ளிவைப்பார்களே, கிட்டத்தட்ட அது. மச்சான் இதை எழுதினால், இவர்மேல்தான் ஏதோ குற்றம் என்று படிக்கிறவர் நினைக்க இடமிருக்கிறது. பாவம், அவருக்கு அது வேறு எதற்கு?

'ஐ வாஸ் எவிக்டட் ஃப்ரம் மை ரூம் விதவுட் நோட்டீஸ்' என்று எழுதுங்கள். 'த்ரோன் அவுட் ஆஃப் மை ரூம்' என்றாலும் பொருள் சரிதான், கொஞ்சம் சூடாக இருக்கும். தேதியையும் நேரத்தையும் அதே வரியில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி டீச்சர். யார் வெளியேற்றியது என்றும் சொல்ல வேண்டும். 'தே த்ரூ அவுட் மீ' சரியா? அப்புறம் 'தே த்ரூ அவுட் மை பேக்ஸ்' என்றும் சேர்க்கலாமா?

பதில் (மண்டபம்):
'தே த்ரூ மீ அவுட்'. மீ, ஹிம், தெம் எல்லாம் நடுவில்தான் வரும். ஆள் பெயர் என்றால் பின்னாலும் வரலாம்.

பெட்டி விஷயத்தில் கவனம். 'த்ரூ அவுட் மை பேக்ஸ்' என்றால் குப்பையில் போட்டார்கள் என்றுதான் முதலில் படும். பெட்டி பத்திரமாக இருக்கிறது என்றால், 'தே புட் மை பேக்ஸ் அவுட்சைட் த டோர்'. ஏதாவது காணாமல் போயிருந்தால் அதைத் தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.