அக்கா குழந்தைக்கு ஞானத்தந்தையாக நிற்கச் சொல்கிறார்கள், எனக்கோ நம்பிக்கை இல்லை

கொடிமலைக் காற்று | வெள்ளி, இரவு 10.42

நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயது 26. கத்தோலிக்கக் குடும்பம். பினாங்கு பாயான் லெப்பாசில் தொழிற்சாலை வேலை, வீடு பட்டர்வொர்த்தில். கைக்குழந்தையாக இருக்கும்போதே திருமுழுக்கு (ஞானஸ்நானம்), அப்புறம் புது நன்மை, உறுதிப்பூசுதல் என்று எல்லாப் படியும் ஏறியவன். பீடச்சிறுவனாக இருந்து தூபக் கலசம் ஆட்டியிருக்கிறேன். இப்போது கடவுள் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. யாரும் தீங்கு செய்ததால் வந்த கோபம் இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசையில் விசுவாசப் பிரமாணம் சொல்லிக்கொண்டிருந்தபோது பாதியில் வாய் நின்றுவிட்டது. மீதியைச் சொல்ல வரவில்லை. மூன்று வருடம் ஆகிறது.

போன மாதம் அக்காவுக்குப் பெண் குழந்தை. குழந்தையின் திருமுழுக்கில் ஞானத்தந்தையாக நான்தான் நிற்க வேண்டுமாம். சடங்கில் சாமியார் ஒவ்வொன்றாகக் கேட்பார்: தந்தையை நம்புகிறாயா, மகனை நம்புகிறாயா, ஆவியை நம்புகிறாயா. ஒவ்வொன்றுக்கும் "நம்புகிறேன்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். முடியாது என்றேன். "ஒரு வார்த்தைதானே, சொன்னால் வாய் வெந்துவிடுமா?" என்று கேட்டாள் அக்கா. அம்மா பேச்சை நிறுத்தி இரண்டு நாள் ஆகிறது. சோறு மட்டும் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

பொய் சொல்லி நின்றுவிடலாமா? இல்லை, கோவிலில் எழுதிக் கொடுத்து என் பெயரையே எடுத்துவிடலாமா? எப்படி எடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மெழுகுத்திரி | வெள்ளி, இரவு 11.20

நான் கோலாலம்பூரில் ஞாயிறு மறைக்கல்வி எடுப்பவள். நம்பிக்கை உள்ளவள். "போய் நில்லுங்கள், ஆண்டவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்வேன் என எதிர்பார்ப்பீர்கள். மாட்டேன். நிற்காதீர்கள்.

பெருநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுப்பதற்கா ஞானத்தந்தை? திருச்சபைச் சட்டப்படி 16 வயது நிறைந்திருக்க வேண்டும், உறுதிப்பூசுதல் பெற்றிருக்க வேண்டும், விசுவாசத்துக்கு ஏற்றபடி வாழ்பவராகவும் இருக்க வேண்டும். உங்களிடம் முதல் இரண்டும் இருக்கின்றன, மூன்றாவது இல்லை. அதை நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். இன்னொன்று, இரண்டு பேர் நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. ஞானத்தாய் ஒருவர் போதும். அக்காவிடம் இதைச் சொல்லுங்கள், பாதிச் சண்டை அடங்கும்.

தண்ணீர்மலைத் தம்பி | வெள்ளி, இரவு 11.48

ரெண்டு பேரும் சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறீர்கள் லா.

நான் ஜார்ஜ்டவுன். வருடா வருடம் தைப்பூசத்துக்கு அம்மா பால்குடம் எடுப்பார். நான் பக்கத்தில் நடப்பேன். முருகன் இருக்கிறாரா இல்லையா என்று உட்கார்ந்து யோசித்ததே இல்லை. வெயில் ஏறிவிட்டால் தார் ரோடு கொதிக்கும். தண்ணீர் போத்தலைத் திறந்து அம்மா கால் வைக்கப்போகும் இடத்தில் ஊற்றிக்கொண்டே போவேன். எனக்குத் தைப்பூசம் என்றால் அதுதான். மலை ஏறி முடிந்ததும் திருநீறு பூசுவார்கள், நெற்றியைக் காட்டுவேன். இதில் நான் பொய் சொல்கிறேனா?

ப்ரோ, குழந்தைக்குத் தாய்மாமன் நீ. அக்கா உன்னிடம் கேட்பது தேவ ரகசியம் இல்லை, என் பிள்ளைக்கு நீ இருப்பாயா என்றுதான். "நம்புகிறேன்" என்று சொல்லிவிட்டு வந்து பிரியாணி சாப்பிடு.

பகுத்தறிவுப் பேரன் | சனி, காலை 8.05

தம்பி, திருநீறு பூசும்போது உன்னிடம் யாரும் கேள்வி கேட்பதில்லை. அவரிடம் கேட்கிறார்கள், பதிலும் சொல்லச் சொல்கிறார்கள். இரண்டும் ஒன்றா?

நான் சுங்கைப் பட்டாணி. தாத்தா திராவிடர் கழகத்துக்காரர். 1929 டிசம்பரில் பெரியார் நாகம்மையாரோடு கப்பலில் வந்து இறங்கியது நம் பினாங்குத் துறைமுகத்தில்தான். தாத்தாவின் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் வேலைக்கு ஒரு நாள் மட்டம் போட்டுவிட்டுப் பார்க்கப் போனாராம். எங்கள் வீட்டில் இது பத்து தடவையாவது சொல்லப்பட்ட கதை.

அப்பேர்ப்பட்ட தாத்தா செத்தபோது என்ன நடந்தது தெரியுமா? எனக்கு எந்தச் சடங்கும் கூடாது, கறுப்புச் சட்டையோடு கொண்டுபோங்கள் என்று இருபது வருடம் வாயால் சொல்லிக்கொண்டிருந்தார். சட்டை அலமாரியில் தேய்த்து மாட்டியிருந்தது. பெரியப்பாமார் வந்தார்கள், ஊர் என்ன பேசும் என்றார்கள், பட்டு வேட்டி கட்டி, நெற்றியில் பட்டை போட்டு, பதினாறாம் நாள் கருமாதியும் செய்து முடித்தார்கள். நான் அப்போது ஐந்தாம் படிவம். எதிர்த்துப் பேச எனக்கு ஏது இடம்?

அதனால் சொல்கிறேன். வாயால் சொல்வது காற்றோடு போய்விடும், எழுதிக் கொடுங்கள். பெயரை எடுங்கள்.

தண்ணீர்மலைத் தம்பி | சனி, காலை 8.31

அண்ணே, மன்னிச்சிருங்க. தாத்தாவே போன பிறகு வேட்டியாக இருந்தால் என்ன, சட்டையாக இருந்தால் என்ன? அவருக்குத் தெரியவா போகிறது? உங்கள் கொள்கைப்படியே பார்த்தாலும் ஒன்றும் குறையவில்லையே.

பகுத்தறிவுப் பேரன் | சனி, காலை 8.40

எனக்குத் தெரியும். பாட்டிக்குத் தெரியும். இரண்டு பேர் போதாதா?

மெழுகுத்திரி | சனி, மதியம் 1.15

உங்கள் தாத்தாவுக்கு நடந்தது அநியாயம். அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை.

ஆனால் பெயரை எடுக்கும் விஷயத்தில் நடைமுறை தெரியாமல் பேச வேண்டாம். திருமுழுக்குப் பதிவேடு கட்சி உறுப்பினர் பட்டியல் மாதிரி கிடையாது. நீளமான கனத்த புத்தகம். ஒவ்வொரு வரியிலும் குழந்தையின் பெயர், பிறந்த தேதி, பெற்றோர், ஞானப் பெற்றோர், கொடுத்த குருவின் கையெழுத்து. ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். உறுதிப்பூசுதல் நடந்தால் அங்கே ஒரு குறிப்பு, கல்யாணம் நடந்தால் இன்னொரு குறிப்பு. இந்த நாளில் இது நடந்தது என்று சொல்லும் பதிவு அது. நடந்ததை நடக்கவில்லை என்று எப்படி அழிப்பது?

1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பில், முறைப்படி விலகியவர்களைப் பற்றித் திருமணப் பகுதியில் சில வரிகள் இருந்தன. அப்படி விலகியவரின் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் குறிப்பு எழுதும் வழக்கமும் இருந்தது. 2009-இல் திருத்தந்தை 16-ஆம் பெனடிக்ட் அந்த வரிகளையே எடுத்துவிட்டார். நீங்கள் விலகிவிட்டதாகக் கடிதம் கொடுக்கலாம், பங்குத்தந்தை வாங்கி வைத்துக்கொள்ளலாம். திருச்சபைக் கணக்கில் நீங்கள் திருமுழுக்குப் பெற்றவர்தான்.

கொடிமலைக் காற்று | சனி, மதியம் 2.02

அப்படியென்றால் உள்ளே வரும்போது என்னைக் கேட்கவில்லை, வெளியே போகக் கதவும் கிடையாது. வாய் பேசத் தெரியாத வயதில் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்த்துவிட்டு, அது நடந்த சம்பவம், அழிக்க முடியாது என்றால் என்ன நியாயம்?

வாத்தியார் மகள் | சனி, மதியம் 2.40

நேற்று ராத்திரியிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன், ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறேன். நான் பிரிக்ஃபீல்ட்ஸ், மெதடிஸ்ட் குடும்பம். எங்களிடமும் குழந்தைக்கு ஞானஸ்நானம் உண்டு, ஆனால் வளர்ந்து திடப்படுத்தல் எடுத்தால்தான் முழு உறுப்பினர். நான் எடுக்கவில்லை. யாரும் துரத்தவும் இல்லை. ஜெர்மனியில் வருமான வரியின் மேல் எட்டோ ஒன்பதோ சதவீதம் சபை வரி உண்டு. அங்கே அரசு அலுவலகத்தில் போய்ப் பெயர் வெட்டினால்தான் சம்பளத்தில் பிடிப்பது நிற்கும். அங்கே பெயர் வெட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே உங்கள் சம்பளத்தில் யாரும் பிடிக்கவில்லை. போகாவிட்டால் போகாதவர், அவ்வளவுதான். கல்யாணமா? தேசியப் பதிவிலாகாவில் போய்ப் பதியலாம், சாமியாரும் தேவையில்லை, ஐயரும் தேவையில்லை. எதற்குக் கடிதம்?

புது ஊற்று | சனி, மாலை 6.10

சகோதரரே, உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. கேட்காமல் தண்ணீர் தெளித்தது ஞானஸ்நானமே இல்லை. நீங்கள் இதுவரை விசுவாசித்ததே இல்லை, சடங்கை விட்டிருக்கிறீர்கள், அவ்வளவுதான். நானும் அப்படித்தான் இருந்தேன். மூன்று வருடத்துக்கு முன்பு மனமறிந்து முழுகி எழுந்தேன். செந்தூலில் எங்கள் ஆராதனைக்கு ஒரே ஒரு ஞாயிறு வந்து பாருங்கள்.

கொடிமலைக் காற்று | சனி, மாலை 6.25

அண்ணே, தாகமில்லை என்று சொல்கிறவனிடம் வேறு கடைத் தண்ணீர் நல்லது என்கிறீர்கள். அப்புறம், நான் நம்பியதே இல்லை என்று நீங்கள் எப்படிச் சொல்லலாம்? பன்னிரண்டு வயதில் அப்பாவுக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரம் மூன்று முறை ரத்தம் சுத்திகரிக்கப் போனபோது, புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோவிலில் நவநாள் முழுக்க முழங்கால் தேயத் தேய நின்றேன். ஜூலை 26 திருநாள் ராத்திரி மெழுகுத்திரி பவனியில் மெழுகு உருகிக் கையில் ஊற்றியது. கீழே போட்டால் அப்பா செத்துவிடுவார் என்று சூட்டைப் பொறுத்துக்கொண்டு நடந்தேன். தழும்பு இன்னும் இருக்கிறது. அது நம்பிக்கை இல்லை என்றால் வேறு எது?

(அப்பா அதன் பிறகு நாலு வருடம் இருந்தார். அதை வைத்து யாரும் எந்தப் பக்கமும் வாதம் பண்ண வேண்டாம்.)

பகுத்தறிவுப் பேரன் | சனி, இரவு 9.00

வாத்தியார் மகளுக்கு: போகாவிட்டால் போகாதவர் என்பது சொல்ல எளிது. இந்த நாட்டில் நம்பிக்கை இல்லாதவனுக்குப் பெயரே கிடையாது. மலேசியாவின் தேசியக் கோட்பாட்டில் 1970-இலிருந்தே முதல் வரி "இறைவன் மீது நம்பிக்கை வைத்தல்". பள்ளியில் திங்கட்கிழமைதோறும் வலது கையைத் தூக்கிச் சொன்னோம். நன்னெறிக் கல்வியிலும் முதல் நெறி அதுதான். பள்ளியிறுதி எஸ்.பி.எம். தேர்வில் முழு மனத்தோடு எழுதி மதிப்பெண் வாங்கிய நாத்திகன் நான். 2017-இல் கோலாலம்பூரில் நாத்திகர்கள் சிலர் கூடி எடுத்த படம் பரவியபோது, இவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும் என்று ஓர் அமைச்சர் பேசினார். கணக்கெடுப்பிலும் பாரங்களிலும் பெட்டி பெட்டியாக மதம் கேட்கிறார்கள். நாம் நம் பெயரை வெட்டாதவரை அவர்கள் கணக்கில்தான் இருப்போம்.

நெறியாளர் | சனி, இரவு 9.12

இங்கே பேச்சு ஞானத்தந்தை, சபை, நம்பிக்கை இவற்றோடு நிற்கட்டும். மற்ற மதங்களையும் அமைச்சர்களையும் இழுத்தால் இழையைப் பூட்ட வேண்டி வரும். நன்றி.

மெழுகுத்திரி | சனி, இரவு 10.30

பேரன் அண்ணே, 2020 கணக்கெடுப்பில் கிறிஸ்தவர்கள் 9.1 சதவீதம், இந்துக்கள் 6.1. இதில் ஒரு பட்டர்வொர்த் பையன் கூடினாலும் குறைந்தாலும் எங்களுக்கு ஒன்றும் ஆகாது. தலையை எண்ணுகிறோம் என்று நினைக்காதீர்கள்.

எனக்கு உறுத்துவது தம்பியின் பேச்சுதான். "நம்புகிறேன் என்று சொல்லிவிட்டு வந்து பிரியாணி சாப்பிடு." என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் ஞானப் பெற்றோர் அப்படி வந்து நின்றவர்கள்தான். போட்டோவில் இருப்பார்கள், அப்புறம் பிள்ளைக்கு அவர்கள் முகமே தெரியாது. நம்பாதவர் ஒருவர் அந்த வார்த்தைக்கு எடை இருக்கிறது என்று தயங்குகிறார். நம்புகிறோம் என்று சொல்கிற நாங்கள் அதை எச்சில் மாதிரி துப்பிவிட்டுப் போகிறோம். கொடிமலை, உங்கள் நாத்திகத்தை நான் ஏற்கவில்லை. உங்கள் வாய் நின்றதே, அதை மதிக்கிறேன்.

தண்ணீர்மலைத் தம்பி | சனி, இரவு 11.05

நம்புகிறவரும் நம்பாதவரும் சேர்ந்து என்னைப் போட்டு அடிக்கிறீர்கள். சரி, அடியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் பத்து வயதாகும்போது, "மாமா ஏன் நிற்கவில்லை" என்று கேட்டால் யார் பதில் சொல்வது? "உன் மாமா நேர்மையானவர்" என்று அக்கா சொல்வாளா?

கொடிமலைக் காற்று | சனி, இரவு 11.19

இதற்கு என்னிடம் பதில் இல்லை.

கொடிமலைக் காற்று | புதன், இரவு 9.50

கேட்டவர்களுக்காக: ஞானத்தாய் ஒருவர் போதும் என்று அக்காவிடம் சொன்னேன். நம்பாமல் பங்கு அலுவலகத்துக்கே போன் போட்டுக் கேட்டாள். சரி என்றார்களாம். எங்கள் பெரியம்மா மகள் நிற்கிறாள். நான் கேமரா பிடிக்கிறேன். அக்காவுக்கு இன்னும் முகம் தூக்கல்தான்.

கோவிலுக்குக் கடிதம் எழுதவில்லை. பதிவை அழிக்க மாட்டார்கள் என்றால் எனக்கு எதற்கு அது? ஆனால் பேரன் அண்ணன் சொன்னது மனத்தில் தைத்துவிட்டது. நான் செத்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக்கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அக்காவிடம் கொடுத்தேன். இருபத்தாறு வயதில் சாவைப் பற்றி எழுதிக் கொடுக்கிறாயே என்று அதற்கும் அழுதாள். ஆனால் கிழிக்கவில்லை, பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அம்மா நேற்று ஒரு வழியாகப் பேசினார். கூடத்தில் திரு இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே சின்னச் சிவப்பு பல்பு ஒன்று இரவும் பகலும் எரியும். "அது எரியலை, பாரு" என்றார். ஆறு நாளில் அதுதான் முதல் பேச்சு.

பகுத்தறிவுப் பேரன் | புதன், இரவு 9.58

மாற்றினாயா?

கொடிமலைக் காற்று | புதன், இரவு 10.03

பல்பில் கோளாறு இல்லை அண்ணே. ஒயர் கறுத்துப் போயிருக்கிறது. நாளைக்கு வேலை முடிந்து கடையில் ஒயர் வாங்கிக்கொண்டு வந்துதான் பார்க்க வேண்டும்.