துபாய் வுட்ஷோவில் ரப்பர் பலகைக்கு ஸ்டால் போடலாமா?

அருமனை_தடிமில்

வணக்கம். அருமனை பக்கம் சின்ன தடி மில் ஓடுது. ஒரு பிரஷர் ட்ரீட்மென்ட் சிலிண்டர் (அழுத்தத்தில் மருந்து ஏத்துறது), இரண்டு சீசனிங் சேம்பர் (பலகையைச் சூட்டில் காயவைக்கிற அறை) உண்டு. ரப்பர் தடியை 25, 38 மி.மீ. பலகையா அறுத்து, போராக்ஸ்-போரிக் (உளு தடுக்கிற போரான் உப்பு) ஏத்தி, காயவச்சு உள்நாட்டு ஃபர்னிச்சர் கம்பெனிகளுக்குக் கொடுக்கிறோம். உள்ளூர் விலை ஏறவே மாட்டேங்குது. அடுத்த துபாய் வுட்ஷோவில் (மரக் கண்காட்சி) 9 சதுர மீட்டர் ஸ்டால் எடுத்து பலகையை வைக்கலாம்னு யோசனை. மாதிரியை எப்படிக் கொண்டுபோறது? அரசு உதவி ஏதாவது கிடைக்குமா? ஜெர்மனி கண்காட்சிதான் நல்லதுன்னு சிலர் சொல்றாங்க, அது சரியா?

---

தூத்துக்குடி_முகவர்

ஸ்டாலுக்குப் பணம் கட்டும் முன்னால் இதைப் படிச்சிடுங்க அண்ணாச்சி. நம்ம நாட்டு ஏற்றுமதிக் கொள்கைப்படி இங்கே விளைந்த மரத்தைத் தடியாகவோ அறுத்த பலகையாகவோ வெளியே அனுப்பத் தடை இருக்கு. இறக்குமதி மரத்தை மட்டும் அறுத்துத் திருப்பி அனுப்ப நிபந்தனைகளோடு வழி வச்சிருக்காங்க. ரப்பர் தோட்டத்து மரம்தானே, காட்டு மரமா என்று கேட்டால் அந்த வாதம் சுங்க கவுண்டரில் எடுபடாது.

பலர் விழுற குழி இன்னொன்று. "சும்மா பலகை இல்லை, பிளேன் பண்ணி பிங்கர் ஜாயின்ட் போட்டாச்சு, இது மதிப்புக் கூட்டின பொருள்" என்று நினைப்பாங்க. எச்.எஸ். (சுங்கத்தில் சரக்கை வகைப்படுத்துற எண்) 4407 என்ற தலைப்பிலேயே இழைத்தது, மணல்தாள் போட்டது, முனை இணைத்தது எல்லாம் அடக்கம். முனைக்கு முனை ஒட்டின நீளப் பலகையும் அறுத்த மரமாகவேதான் எண்ணப்படும். கண்காட்சிக்கு மாதிரி என்று பெட்டியில் வச்சாலும் எண் மாறாது.

போகக்கூடியது எது என்றால், முழுசா உருமாறின பொருள்: கடைசல் போட்ட மேசைக் கால், நாற்காலி உறுப்புகள், துளையும் குடைவும் முடிந்த ஃபர்னிச்சர் பாகங்கள் (நாற்காலி உறுப்பு 9401, மற்றவை 9403 கீழே), சமையலறைப் பலகை, தட்டு, கரண்டி (4419). பக்கவாட்டில் ஒட்டின பேனலுக்கு எந்த எண் என்பதில்தான் தகராறு வரும். பெரிய ஆர்டர் பிடிக்கும் முன் சுங்க முன்தீர்ப்பு ஆணையத்தில் கேட்டு எழுத்தில் வாங்கிக்கிட்டா கண்டெய்னர் யார்டில் நின்று வாடகை ஏறாது. எட்டு இலக்க எண்ணை வச்சு டி.ஜி.எஃப்.டி. (வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம்) தளத்தில் அன்றைய நிலையைப் பார்த்துட்டுத்தான் விலை கொடுக்கணும். கொள்கை மாறும், போன வருஷத்துப் பி.டி.எஃப். நம்பாதீங்க.

ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி-இறக்குமதிப் பதிவு எண்), ஏற்றுமதி மேம்பாட்டு கவுன்சில் உறுப்பினர் சான்று, துறைமுகத்தில் பதிஞ்ச வங்கி ஏ.டி. கோடு (உங்க வங்கிக் கிளையின் அந்நியச் செலாவணி எண்), ஜி.எஸ்.டி.யில் எல்.யு.டி. (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்ய உறுதிக் கடிதம்) இந்த நாலும் கையில் இல்லாமல் ஸ்டாலில் நின்றால் விசிட்டிங் கார்டு சேர்க்கத்தான் முடியும்.

---

பலகை_வாத்தியார்

முகவர் சொன்னதை அடிப்படையா வச்சுக்கிட்டுப் பேசுறேன். உங்க மில்லுக்குத் தோது மேசைக் கால், நாற்காலி உறுப்பு, பேனல். கூடுதலா ஒரு கடைசல் மெஷினும் நாலு பக்க மோல்டரும் (நாலு பக்கமும் ஒரே ஓட்டத்தில் இழைக்கிற மெஷின்) வேணும். பலகை விற்கப் போனால் தாய்லாந்து, மலேசியாவோட மோதணும். அவங்க அளவுக்கு நம்மால் முடியாது.

ஸ்டாலில் வாங்குறவர் முதலில் தொடுறது பலகையின் முனையை. நீலம் பாய்ந்திருக்கான்னு பார்ப்பார். ரப்பர் மரத்தில் மாவும் சர்க்கரையும் அதிகம். வெட்டின ஒன்றிரண்டு நாளிலேயே பூஞ்சை உள்ளே இறங்கிடும், அப்புறம் எவ்வளவு இழைச்சாலும் போகாது. மழைக்காலத்தில் தோட்டத்திலேயே தடி கிடந்த லாட்டை மாதிரிக்கு எடுக்காதீங்க. தடி வெட்டின தேதியைச் சாக்பீஸால் முனையில் எழுதுற பழக்கம் இருந்தால் பிரிச்செடுக்க எளிது.

அடுத்தது ஈரம். நம்ம ஊர்க் காத்தில் திறந்து கிடக்கிற பலகை 12 சதவீதத்துக்கு மேலே ஏறி நிற்கும். துபாய் கண்காட்சிக் கூடத்து ஏசியில் அது காய்ந்து, ஒட்டின பேனலின் முனை பிளந்து, அங்கே நிற்கிறபோதே வளையும். 8 முதல் 10 சதவீதத்துக்குக் கொண்டுவந்து, சேம்பரில் கடைசியா ஈரத்தைச் சமன் பண்ணி, சூடு ஆறினதும் அன்றைக்கே பாலித்தீன் சுத்திடணும். முள் வைக்கிற மீட்டரை மட்டும் நம்பக்கூடாது. போரான் உப்பு மின்கடத்தலைக் கூட்டுறதால மீட்டர் உள்ளதைவிட அதிகம் காட்டும். சரியான வழி: பலகையின் முனையிலிருந்து அரை மீட்டர் உள்ளே ஒரு துண்டு வெட்டி எடை போடுங்க. 103 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரை வச்சு மறுபடி எடை போடுங்க. 65.4 கிராம் இருந்தது 60 கிராம் ஆச்சுன்னா 5.4-ஐ 60-ஆல் வகுத்து 9 சதவீதம். அந்த எண்ணை மாதிரியின் பின்னால் ஒட்டுங்க. விலைப் பட்டியலைவிட அதுதான் பேசும்.

போரான் நடுவரை இறங்கியிருக்கா என்பதையும் காட்ட முடியும். 10 கிராம் மஞ்சள் பொடியை 90 கிராம் ஆல்கஹாலில் ஊறவச்சு வடிகட்டினது ஒன்று. 20 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஆல்கஹாலோடு 100 மி.லி. ஆக்கி, சாலிசிலிக் அமிலம் 13 கிராம் கரைச்சது இன்னொன்று. காய்ந்த குறுக்கு வெட்டில் முதலாவதைத் தடவி உலரவிட்டு, அதன்மேல் இரண்டாவதைத் தடவினால் போரான் இருக்கிற இடம் சிவக்கும், இல்லாத இடம் மஞ்சளாகவே நிற்கும். ஓரம் மட்டும் சிவந்து நடு மஞ்சளா இருந்தால் சிலிண்டரில் பிரஷர் நேரம் போதலை, அல்லது பலகை ரொம்ப ஈரமா இருந்து கரைசல் இறங்கலை. அந்த லாட்டு ஆறு மாசத்தில் உளுத்துப் பொடி உதிரும். அமிலத்தை விமானத்தில் ஏத்த மாட்டாங்க, அதனால் இங்கேயே செய்து துண்டையும் படத்தையும் கொண்டுபோங்க.

---

ஸ்டால்_கணக்கு

எந்தக் கண்காட்சி என்பதற்கு வர்றேன். ஹன்னோவர் லிக்னா பெரும்பாலும் மெஷின் கண்காட்சி, நம்ம சரக்குக்கு அங்கே வேலை இல்லை. ஃபர்னிச்சர் பாகம் என்றால் கொலோன் இன்டர்சம். ஒற்றைப்படை வருஷம், மே மாசம். சமையலறைப் பொருளுக்குப் பிராங்பர்ட் அம்பியன்டே, பிப்ரவரி. துபாய் வுட்ஷோவில் அமெரிக்க, மலேசிய மரச் சங்கங்கள் பெரிய பெவிலியன் (கூட்டு அரங்கு) போட்டு நிற்கும். அவங்க பக்கத்தில் தனி ஸ்டால் எடுத்து நின்றால் யாரும் கண்ணெடுத்துப் பார்க்கிறது கஷ்டம். இந்தியப் பெவிலியனுக்குள்ளே இடம் கிடைத்தால் அதுவே மேல். உங்க அளவுக்கு முதல் வருஷம் பார்வையாளரா மட்டும் போய்ட்டு வாங்கன்னுதான் என் கருத்து. பெங்களூரு இந்தியாவுட் இரட்டைப்படை வருஷம் நடக்கும், அங்கே ஸ்டால் போட்டுக் கை பழகலாம். டிக்கெட்டும் கம்மி, பேசுற மொழியும் பழகும்.

உதவி: மத்திய குறுசிறு தொழில் அமைச்சகத்தின் சர்வதேச ஒத்துழைப்புத் திட்டத்தில் விமான டிக்கெட், ஸ்டால் வாடகையில் ஒரு பங்கு கிடைக்கும். ஆனா தனி ஆளுக்கு இல்லை, சங்கம் அல்லது கவுன்சில் வழியாத்தான். வணிக அமைச்சகப் பணமும் கவுன்சில் வழியாத்தான் வரும். நாகர்கோவில் மாவட்டத் தொழில் மையத்திலும், மாநில அரசின் ஃபேம் டிஎன் (சிறுதொழில்களுக்கு உதவுற) அமைப்பிலும் மாசங்கள் முன்னாடியே கேளுங்க. போய்வந்த பிறகு பில்லைக் கொண்டு நீட்டினால் ஒன்றும் நடக்காது. போர்டிங் பாஸ் துண்டைத் தூக்கிப் போட்டுட்டு வந்தவங்க மனுவும் அப்படியே திரும்பும்.

மாதிரி கொண்டுபோக: திரும்பிக் கொண்டுவர்றதுன்னா ஏ.டி.ஏ. கார்னே (சுங்கவரி இல்லாமல் தற்காலிகமா கொண்டுபோய் வர்ற ஆவணம்) எடுக்கலாம், இங்கே ஃபிக்கி வர்த்தக சங்கம் கொடுக்குது. அங்கேயே விட்டுட்டு வர்ற சரக்குக்குக் கார்னே பொருந்தாது. வளைகுடாப் பொதுச் சுங்கம் 5 சதவீதம்தான், சின்ன மாதிரிப் பெட்டிக்கு அதைக் கட்டிட்டு நிம்மதியா இருக்கலாம். 2022 மே 1 முதல் இந்தியா-அமீரக ஒப்பந்தம் அமலில் இருக்கு. பிறப்பிடச் சான்றோட போனால் பல பொருளுக்கு வரி இல்லை. உங்க எண் அந்தப் பட்டியலில் இருக்கான்னு பாருங்க, இருந்தால் விலைப் பேச்சில் முதல் வாக்கியமே அதுதான். பெட்டி மரமா இருந்தால் ஐ.எஸ்.பி.எம். 15 (மரப்பெட்டியில் பூச்சி பரவாமல் தடுக்கிற சர்வதேச விதி) முத்திரை கட்டாயம்: நடுப்பகுதி 56 டிகிரியில் 30 நிமிஷம் சூடேத்தினது. உங்க சேம்பரில் அதுக்கு மேல சூடு கொடுத்தீங்க என்பது கணக்கில்லை, அங்கீகாரம் பெற்ற இடத்து முத்திரை இருக்கணும். பிளைவுட் பெட்டி போட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

விலை கேட்பாங்க, "கன அடி இத்தனை ரூபாய்" என்று சொன்னால் பேச்சு அங்கேயே நிற்கும். 1 கன மீட்டர் 35.3 கன அடி. கன மீட்டருக்கு டாலர், தூத்துக்குடி எஃப்.ஓ.பி. (இங்கே கப்பலில் ஏத்துற வரை விலை) ஒன்று, துபாய் ஜெபல் அலி துறைமுகம் சி.ஐ.எஃப். (கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்த்த விலை) ஒன்று, இரண்டையும் அட்டையில் அச்சடிச்சு வைங்க. கால், உறுப்பு என்றால் எண்ணிக்கை விலை. 40 அடி ஹை க்யூப் (உயரம் கூடின) கண்டெய்னரில் இடம் 76 கன மீட்டர் இருக்கும், ஆனா 650 கிலோ அடர்த்தி மரத்தில் 40 கன மீட்டருக்கே 26 டன் ஆயிடும். இடம் பாதி காலியா இருக்கும்போதே எடை முட்டும். இடத்தை வச்சு ஃப்ரெய்ட்டை (கப்பல் கட்டணத்தை) பங்கு போட்டு விலை கொடுத்தால் நஷ்டம்தான்.

விழிஞ்ஞம் பக்கத்தில் இருக்கேன்னு ஆசைப்படாதீங்க. அது முதன்மையா ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலுக்குச் சரக்கு மாத்துற துறைமுகம். ஃபார்வர்டர் (சரக்கு அனுப்பித் தர்றவர்) எழுத்தில் கொடுக்காத வரை விலையில் சேர்க்க வேண்டாம்.

---

அருமனை_தடிமில்

பலகை கனவு கலைஞ்சு போச்சு, ஆனா காசு மிச்சம். வாத்தியாரே, சமையலறைக் கட்டிங் போர்டு ஐரோப்பாவுக்கு அனுப்பலாமா? இருக்கிற போரான் ட்ரீட்மென்ட் பலகையிலேயே செய்யலாம்ல?

---

பலகை_வாத்தியார்

செய்யக்கூடாது. போரிக் அமிலம் 2010-லேயே ஐரோப்பாவின் அதிகக் கவலைக்குரிய ரசாயனப் பட்டியலில் ஏறியாச்சு. பொருளின் எடையில் 0.1 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்குறவருக்கு எழுதித் தெரிவிக்கணும். உளு தடுக்க நாம ஏத்துறதே 0.2 சதவீதம் அளவில். மேசைக் காலுக்கு அறிவிப்போட ஓட்டலாம், காய் நறுக்குற பலகைக்கு யாரும் வாங்க மாட்டாங்க.

போரான் இல்லாமல் செய்யணும்னா வெட்டின மறுநாளே அறுத்து நேரே சேம்பரில் ஏத்தணும். சூட்டில் உள்ளே இருக்கிற புழு சாகும், ஆனா காவல் ஒன்றும் மிஞ்சாது. காய்ந்து வெளியே வந்ததும் வண்டு மறுபடி முட்டை வைக்கும். அதனால் அடுக்கிவச்சு விற்கக்கூடாது, ஆர்டருக்குச் செய்து, எண்ணெய் பூசி, உறை போட்டு உடனே ஏத்தணும். பசை டி4 (தண்ணீர் தாங்குற) தரம், உணவுத் தொடர்புக்கு உகந்தது என்ற கடிதம் பசைக் கம்பெனியிடம் வாங்கணும்.

இப்போதே ஒரு வேலை ஆரம்பிங்க: தடி எடுக்கிற ஒவ்வொரு தோட்டத்துக்கும் பட்டா நகலும் ஜி.பி.எஸ். புள்ளியும் சேர்த்து வைங்க, ஆறு தசம இலக்கம் வரை. நாலு ஹெக்டேருக்கு மேலே என்றால் எல்லை முழுசும் வேணும். ஐரோப்பிய காடழிப்புத் தடைச் சட்டத்துக்கு இது தேவை. அமல் தேதி தள்ளிப்போய்க்கிட்டே இருந்தாலும் வாங்குறவங்க இப்பவே கேட்கத் தொடங்கிட்டாங்க. அமெரிக்காவுக்கு என்றால் லேசி சட்டப் (திருட்டு மரம் வர்றதைத் தடுக்கிற சட்டம்) படிவத்தில் மரத்தின் அறிவியல் பெயர், ஹீவியா பிரேசிலியென்சிஸ், அறுவடை நாடு இரண்டும் போடணும்.

---

தூத்துக்குடி_முகவர்

கட்டிங் போர்டு 4419-இல் வரும், கொள்கைத் தடை இல்லை. தோட்டத்துப் புள்ளிகளைத் தடி லாட்டு எண்ணோட சேர்த்து எழுதுங்க அண்ணாச்சி. சிலிண்டருக்குப் போற லாட்டும் நேரே சேம்பருக்குப் போற லாட்டும் ஒரே அடுக்கில் கலந்துட்டா அப்புறம் எந்த ஆவணமும் நிற்காது.