உதவி: ஆறு கம்பி பேஸ் கிட்டார்ல பி கம்பி கரகரங்குது, இரைச்சல் வேற. நோம்பிக்கு 12 நாள்தான் இருக்குது

சோமனூர்_பேஸ்

வணக்கமுங்க. பத்து வருசத்துக்கு மேல நாலு கம்பி பேஸ் வாசிச்சுட்டு இருக்கேன். கோயில் நோம்பி, கல்யாண ரிசப்சன்னு எங்க குழு பல்லடம், அவினாசி, காங்கயம் பக்கமெல்லாம் போகும். போன மாசம் ஒரு காலேஜ் பையன்கிட்ட ஆறு கம்பி பேஸ் ஒண்ணு 14,000 ரூபாய்க்கு வாங்கிட்டேன். ஊட்டுல 9,000னுதான் சொல்லியிருக்கேன், அது வேற கதை. மலிவான உருப்படிதான். 34 இன்ச் ஸ்கேல் (கம்பி அதிர்ற நீளம்), 24 ஃப்ரெட் (கழுத்துல குறுக்க பதிச்ச உலோகப் பட்டை), போல்ட் போட்ட நெக்கு, அதான் கழுத்து, சோப்புக் கட்டியாட்ட ரெண்டு பிக்கப் (கம்பி அதிர்றதைச் சிக்னலா மாத்தறது), உள்ளே 9 வோல்ட் பேட்டரி.

கோளாறு இதுதான். பி கம்பியை (இருக்கறதுலயே தடியானது) சும்மா தட்டினா சுத்தமா இருக்குது. ஒண்ணாவது ஃப்ரெட்ல இருந்து அஞ்சு வரைக்கும் அமுக்கினா கரகரன்னு அடிக்குது. ஏழுக்கு மேல போனா சரியாயிருது, ஆனா அங்க கம்பி உசரம் தாங்கலை. 12ஆவது ஃப்ரெட்ல அடிக்கோல் வெச்சுப் பாத்தா பி கம்பி 4 மி.மீ., சி கம்பி (இருக்கறதுலயே மெல்லிசு) 3 மி.மீ.க்கு மேல. சுருதி கூட்டறப்ப நட்டுகிட்ட (நெக்கோட மேல்முனையில கம்பிக்குப் பள்ளம் வெட்டின கட்டை) 'டிக்'னு சத்தம் வந்து ட்யூனர் முள்ளு குதிக்குது. ஒண்ணாவது ஃப்ரெட்ல அமுக்குனா 20 சென்ட் (அரைச் சுரத்துக்கு 100 சென்ட்) ஏறிக் காட்டுது.

ஒரு வீடியோவைப் பாத்துட்டு ட்ரஸ் ராடை (நெக்குக்குள்ள இருந்து வளைவைச் சரி பண்ற இரும்புத் தண்டு) வலப்பக்கமா அரைச் சுத்து சுத்திட்டேன். கரகரப்பு எச்சாயிருச்சு. பயந்துட்டுக் கம்முனு வெச்சுட்டேன்.

அப்பறம் இரைச்சல். கம்பியைத் தொட்டாலும் தொடாட்டியும் ஒரே மாதிரி 'ம்ம்ம்'. கேபிள் சொருகற ஜாக்கோட இரும்பைத் தொட்டா மட்டும் குறையுது. பொறத்தால தறி ஓடறப்ப இன்னும் மோசம். போதாததுக்கு ஃப்ரெட் முனையெல்லாம் கையைக் கீறுது, வாங்குனப்ப இப்படி இல்லை. கடையில குடுத்தா மூணு வாரம் ஆகுமாம். நானே பண்ண முடியுங்களா?

துடியலூர்_ட்ரம்மர்

ரெண்டு கம்பியைக் கழட்டிருங்ணா. பழையபடி நாலு கம்பி ஆயிரும், பிரச்சினை தீந்துது.

ஈரோட்டு_அடிநாதம்

ட்ரம்மர் தம்பி சொல்றதைக் கேக்காதீங்க. முக்கால்வாசி நீங்களே பண்ணிரலாம். ஆனா ஒட்டுக்கா எல்லாத்தையும் திருகாதீங்க. ஒண்ணைத் தொட்டா அதை அளந்துட்டுத்தான் அடுத்தது.

நீங்க சொன்னதுலயே பாதி விடை இருக்குது. கம்பி உசரம் 4 மி.மீ. இருந்தும் கீழ் ஃப்ரெட்ல மட்டும் அடிக்குதுன்னா நெக்கு பின்பக்கமா வளைஞ்சிருக்குது. கம்பி அதிர இடம் வேணுமில்லீங்களா, நடுவுல லேசாப் பள்ளம் இருக்கோணும். உங்களுதுல பள்ளத்துக்குப் பதிலா மேடு. முன்னால வெச்சிருந்த பையன் கம்பியைத் தாழ்த்தறதா நெனச்சு ராடை இறுக்கியிருப்பான், கரகரன்னதும் சேடிலை எல்லாம் (கீழ்முனையில கம்பி மாட்டற பிரிட்ஜுல ஒவ்வொரு கம்பியும் உக்கார்ற கட்டை) தூக்கிவிட்டிருப்பான். அதுக்கு மேல நீங்க ஒரு அரைச் சுத்து. கம்பி உசரத்தைக் குறைக்கறது ராடோட வேலை இல்லைங்க, அது சேடிலோட வேலை.

இந்தப் பங்குனி வெயிலும் சேந்துக்குச்சு. மரம் காஞ்சா ஃப்ரெட்போர்டு சுருங்குது, ஃப்ரெட்டு உலோகம் சுருங்கறதில்லை. அதனாலதான் முனை வெளிய எட்டிப் பாத்துக் கையைக் கீறுது. நெக்கும் பின்னால போகும். தகரக் கூரைக்கு அடியில மாட்டி வெச்சிருந்தா முதல்ல அங்கிருந்து எடுங்க.

அளக்கறது இப்படி: சுருதியைச் சரியாக் கூட்டுங்க. பி கம்பியை ஒண்ணாவது ஃப்ரெட்ல கேப்போ (கம்பியை அமுக்கிப் புடிக்கற கிளிப்பு) போட்டு, வலது கையில கடைசி ஃப்ரெட்ல அமுக்குங்க. ஏழு எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல எவ்வளவு சந்து இருக்குதுன்னு பாருங்க. 0.3 மி.மீ. வரோணும். டூவீலர் மெக்கானிக் டேப்பட் பாக்கற ஃபில்லர் கேஜ் போதும், அதுல 0.30 இதழ் இருக்கும். சந்தே இல்லைன்னா ராடை இடப்பக்கமா கால் சுத்து. அதுக்கு மேல ஒரு தடவைக்குப் பண்ணாதீங்க. மறுபடி சுருதி கூட்டி, ராத்திரி விட்டுட்டு, காலையில அளங்க. ஆறு கம்பியும் சேந்து நூறு கிலோவுக்கு மேல இழுக்குது, மரம் அதுக்கு ஒத்துப்போக நேரம் எடுக்கும். சி கம்பியிலயும் இதே மாதிரி அளந்து எழுதுங்க. ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் வந்தா நெக்கு முறுக்கிக்கிட்டு இருக்குதுன்னு அர்த்தம். அதை ராடு ஒண்ணும் பண்ணாது.

'டிக்' சத்தமும் 20 சென்ட்டும் நட்டுனால வர்றது. அதைப் பொறவு பாத்துக்கலாம்.

கோபி_கிட்டார்

இரைச்சலுக்கு ஒரே வழி, உள்ளே பேட்டரியில ஓடற ப்ரீஆம்பை (சிக்னலைக் கூட்டித் தர்ற சர்க்யூட்) புடுங்கி எறியறதுதான். மலிவு பேஸ்ல அதுதான் குப்பை. பிக்கப்பை நேரா வால்யூமுக்குக் குடுத்துருங்க, பேட்டரித் தொல்லையும் இல்லை.

கணபதி_காயில்

நான் பேஸ் வாசிக்கறவன் இல்லைங்க, மோட்டார் காயில் கட்டற கடை. தம்பி சர்ச்சுல வாசிப்பான், அவனுக்காக நாலஞ்சு கிட்டார் பிரிச்சுப் பாத்திருக்கேன்.

கோபிக்காரர் சொல்ற மாதிரி நேராக் குடுக்க முடியாதுங்க. ப்ரீஆம்பு இருக்கற பேஸ் பலதுல வால்யூம் குமிழுக்கு அடியில இருக்கற பாட்டு (பொட்டென்ஷியோமீட்டர்) 25 கிலோ ஓம். சாதாரணப் பிக்கப்பை அதுல நேரா மாட்டினா மேல் சத்தம் எல்லாத்தையும் தின்னுட்டு, போர்வைக்குள்ள வாசிக்கற மாதிரி கேக்கும். 250 கிலோ ஓம் பாட்டு வாங்கி மாத்தோணும். 12 நாள்ல நோம்பியை வெச்சுட்டு அந்தச் சோலி எதுக்குங்க?

அதுவுமில்லாம அவரு சொன்ன அடையாளம் ப்ரீஆம்பைக் காட்டலை. கம்பியைத் தொட்டு இரைச்சல் குறைஞ்சா எர்த்து சரியா இருக்குது, உள்ளே கவசம்தான் பத்தலைன்னு வெச்சுக்கலாம். இவருக்குக் கம்பியைத் தொட்டா ஒண்ணும் ஆகலை, ஜாக்கைத் தொட்டாத்தான் குறையுது. அப்ப பிரிட்ஜுக்குப் போற எர்த்து வயர் எங்கயோ அத்துப் போயிருக்குது. மல்டிமீட்டரைப் பீப்புல வெச்சு ஒரு முனையை பிரிட்ஜுலயும் இன்னொண்ணை ஜாக்கோட வெளி உலோகத்துலயும் வைங்க. பீப் வரலைன்னா பிரிட்ஜைக் கழட்டுங்க.

முக்கியமா ஒண்ணு: அந்த வயரைப் போட்டபொறவு உங்க கம்பியும் ஆம்பிளிஃபயர் பாடியும் ஒண்ணு. நோம்பிப் பந்தல்ல ஜெனரேட்டர், எர்த்து இல்லாத ப்ளக்கு, மூணாவது பின்னை ஒடைச்சுட்டுச் சொருகுறதுன்னு எல்லாம் பாத்திருக்கேன். கையில கம்பியைப் புடிச்சுட்டு உதடு மைக்கில பட்டா சுர்ருங்கும். விளையாட்டில்லீங்க. வாசிக்கறதுக்கு முன்னால மைக்குக்கும் கம்பிக்கும் நடுவுல ஏசி வோல்ட் அளந்து பாத்துக்குங்க.

சோமனூர்_பேஸ்

ரெண்டு பேருக்கும் கும்புடுங்க.

ஃபில்லர் கேஜ் பக்கத்து ஒர்க்சாப்புல வாங்கிட்டு வந்தேன். ஏழாவது ஃப்ரெட்ல 0.05 இதழே நுழையலை. ராத்திரி கால் சுத்து லூஸ் பண்ணேன், காலையில அதே கதை. மறுநாள் இன்னொரு கால், 0.10 நுழைஞ்சுது. அப்பறம் இன்னொரு கால். இன்னைக்குக் காலையில பி பக்கம் 0.30, சி பக்கம் 0.25. கரகரப்பு போயிருச்சுங்க! அமுக்கற ஒவ்வொரு ஃப்ரெட்டும் தெளிவா வருது.

பிரிட்ஜைக் கழட்டினேன். அடியில ஒரு சின்ன ஓட்டை, அதுக்குள்ள இருந்து கறுப்பு வயர் ஒண்ணு எட்டிப் பாக்குது. நுனியில உரிக்கவே இல்லை! மேல்தோலோட அப்படியே மடிச்சு பெயின்ட்டு மேல படுக்க வெச்சு பிரிட்ஜைத் திருகியிருக்காங்க. வயரு பிரிட்ஜோட எடையைத் தாங்கினதைத் தவிர வேற வேலை பாக்கலை. மூணு சென்டிமீட்டர் உரிச்சு, இழையை விசிறியாட்டப் பிரிச்சு வெச்சு இறுக்கினேன். பீப் வந்துது. கம்பியைத் தொட்டா இப்ப இரைச்சல் பாதிக்கு மேல அடங்குது. தறி ஓடறப்ப மட்டும் கொஞ்சம் மிச்சம்.

புதுச் சிக்கல்: பி கம்பியை 2.7 மி.மீ.க்கு எறக்கிட்டேன். ஜி, சி கம்பி சேடில் அடி தட்டியும் 3 மி.மீ.க்குக் கீழ வரலை. இதுக்கு மேல எங்க எறக்கறது?

ஈரோட்டு_அடிநாதம்

நெக்கு உக்கார்ற குழியில ஷிம் (மெல்லிசான தகடு) வைக்கோணும். கம்பியெல்லாம் தளர்த்திட்டு நெக்கைக் கழட்டி, குழியோட உள் முனையில, பிக்கப் பக்கமா, மெல்லிசா ஒண்ணை வெச்சு மாட்டுங்க. உள் முனை ஏறினா நெக்கு சித்தே பின்னால சாயும், சேடிலைத் தூக்கி வைக்க இடம் கெடைக்கும். அரை மி.மீ. ஷிம்முக்கு பிரிட்ஜுகிட்ட ஒன்றரை மி.மீ. போலக் கெடைக்கும். உங்களுக்கு அது போதும். ஏடிஎம் கார்டை வெட்டி வைக்கறவங்க உண்டு, எனக்குப் புடிக்காது, முக்கால் மி.மீ. இருக்கும், எச்சா.

கணபதி_காயில்

லேத்துப் பட்டறையில பித்தளை ஷிம் தகடு கேளுங்க. துண்டு சும்மாவே குடுப்பாங்க.

மிச்ச இரைச்சலுக்கு: பிக்கப் குழியிலயும் பாட்டு இருக்கற குழியிலயும் செம்புத் தகடு ஒட்டுங்க. ஒட்டற டேப்பா கெடைக்குது. துண்டுக்குத் துண்டு பசை நடுவுல நிக்கும், அதனால சேர்ற எடத்துல எல்லாம் ஒரு பொட்டு ஈயம் வைங்க. அந்தக் கவசத்தை எர்த்தோட சேத்தாத்தான் வேலை செய்யும், சும்மா ஒட்டினா அலங்காரம். சிக்னல் போற வயர் முனை எங்கயும் தகட்டைத் தொடக்கூடாது, தொட்டா சத்தமே வராது. சமையல்கட்டு அலுமினியத் தாளும் தடுக்கும், ஆனா அதுல ஈயம் புடிக்காது.

சோமனூர்_பேஸ்

அந்த 'டிக்'?

ஈரோட்டு_அடிநாதம்

நட்டுல பி கம்பி உக்காந்திருக்கற எடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்க. பள்ளத்துக்குள்ள அடிவரைக்கும் எறங்காம வாயிலயே நிக்குதுங்களா? மலிவு பேஸ்ல நட்டு வெட்டறப்ப பெரும்பாலும் பி கம்பிப் பள்ளம் ஒடுங்கித்தான் இருக்கும். 130 கம்பின்னா 0.130 இன்ச், அதாவது 3.3 மி.மீ. தடிமன். சுருதி கூட்டறப்ப அது மாட்டிக்கிட்டு, இழுவை சேந்ததும் 'டிக்'னு நழுவுது.

நட்டு அரம் செட்டு வாங்கினா பேஸ்ல பாதி விலை ஆகும். ஊசி அரத்துல உருண்டை போதும், இல்லாட்டி பழைய பி கம்பித் துண்டையே ரம்பமாட்ட இழுங்க, சுத்துக் கம்பி நல்லாவே அராவும். பள்ளம் கம்பி முறுக்கற சாவிப் பக்கமாச் சரிஞ்சு இருக்கோணும். நாலு இழுப்பு இழுத்துட்டு கம்பியைப் போட்டுப் பாருங்க. மூணாவது ஃப்ரெட்ல அமுக்கினா ஒண்ணாவது ஃப்ரெட்டுக்கு மேல தபால் கார்டு அளவுச் சந்து இருக்கோணும். அதுக்குக் கீழ போனீங்கன்னா சும்மா தட்டினாலே கரகரங்கும். அப்படி ஆயிட்டா ஆப்பசோடாவைப் பள்ளத்துல தூவி ஒரு சொட்டு ஃபெவி க்விக், கல்லாட்ட இறுகிரும், மறுபடி அராவலாம். நானே ரெண்டு தடவை பண்ணியிருக்கேன்.

கடைசியா 12ஆவது ஃப்ரெட் சுருதி. அமுக்கின சுரம் ஹார்மோனிக்கை (அதே எடத்துல அமுக்காம லேசாத் தொட்டுத் தட்டற சுரம்) விட ஏறி இருந்தா சேடிலைப் பின்னால தள்ளுங்க, எறங்கி இருந்தா முன்னால. பி கம்பிக்குப் பின்னால போக எடம் பத்தாது, அப்ப அந்தச் சேடிலுக்குப் பின்னால இருக்கற ஸ்பிரிங்கைக் கழட்டிருங்க, பரவாயில்லை.

இன்னொண்ணு. எல்லாம் பண்ணியும் பி கம்பி கொஞ்சம் தொளதொளன்னுதான் இருக்கும். இந்த பி முதல் சி வரைக்குமான ஆறு கம்பியை ஆன்டனி ஜாக்சன்ங்கற பேஸ் கலைஞர் 1975ல கிட்டார் செய்யற கார்ல் தாம்சன்கிட்டச் செஞ்சு வாங்கினாரு. அவரே பின்னால 36 இன்ச் ஸ்கேலுக்குப் போயிட்டாரு. அதே கம்பி, அதே சுருதி, 34ல இருந்து 36க்குப் போனா இழுவை 12 சதவீதம் எச்சா. உங்களுது 34, அதுக்கு மேல ஆசைப்பட வேண்டாம். ஊட்டு ஆம்புல பி சத்தம் வரலைன்னும் வெசனப்படாதீங்க. அது 31 ஹெர்ட்ஸ், பத்து இன்ச் ஸ்பீக்கர் அதுக்கு மேல இருக்கற 62ஐத்தான் தரும்.

சோமனூர்_பேஸ்

நேத்து ராத்திரி முடிச்சேன். ஷிம் வெச்சாச்சு, சி கம்பி இப்ப 2 மி.மீ. நட்டுல ஏழெட்டு இழுப்பு, 'டிக்' இல்லை, ஒண்ணாவது ஃப்ரெட் 4 சென்ட்தான் ஏறுது. ஃப்ரெட் முனைக்கு ஸ்மூத் அரத்தைச் சாய்ச்சுப் புடிச்சு ரெண்டு பக்கமும் ஓட்டினேன். போர்டுல படாம இருக்க டேப் ஒட்டிக்கிட்டேன். செம்புத் தகடு நோம்பி முடிஞ்சுதான்.

சந்தோசத்துல ஒரு மணி வரைக்கும் வாசிச்சுட்டு அப்படியே ஸ்டாண்டுல வெச்சுட்டேன். காலையில ரிகர்சலுக்குப் போனா சத்தமே இல்லை. மறுபடியும் எதையோ கெடுத்துட்டனுங்களா?

கணபதி_காயில்

கேபிளைச் சொருகியே வெச்சிருந்தீங்களா?

சோமனூர்_பேஸ்

ஆமாங்க.

கணபதி_காயில்

ஜாக்குல கேபிள் இருக்கற வரைக்கும் பேட்டரி ஓடிட்டே இருக்கும். புதுசு ஒண்ணு போடுங்க, வாசிச்சு முடிச்சதும் கேபிளைப் புடுங்கி வைங்க. நோம்பிக்கு ரெண்டு பேட்டரி எச்சாப் போட்டுட்டுப் போங்க.

துடியலூர்_ட்ரம்மர்

ஊட்டுல பேட்டரி விலையையாவது சரியாச் சொல்லுங்ணா.